கேட்டுவிட்டு முடிவு சொல்லுங்கள்: மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊர்க் கலைவிழாச் செயலவையினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் ஐயாவுக்கும் செயலாளருக்கும் செயலவை உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

விழாவுக்கு முந்திய வாரம் நடந்தது உங்களுக்கே தெரியும். நிகழ்ச்சி நிரல் அச்சாகி வந்த பிறகு, கர்நாடகக் கீர்த்தனையைக் கிட்டார், டிரம்ஸோடு ராக் இசையாக வாசிக்க இருந்த நம் ஊர் நால்வர் குழுவின் பெயரை அடித்துவிட்டு, சாமி பாட்டை ராக் ஆக்கி மேடை ஏற்ற முடியாது என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பினீர்கள். அந்தக் குழுவில் வயலின் வாசிக்கும் பெண் என் மாணவி. அவர்களுக்குக் கொடுத்திருந்த நேரத்தில் சினிமாப் பாட்டுக்கு ஆட்டம் நடந்தது. ஆடிய பிள்ளைகள் மேல் எனக்கு வருத்தம் இல்லை, நன்றாகவே ஆடினார்கள். என் வருத்தமெல்லாம் நீங்கள் முடிவெடுத்த விதத்தில்தான். உங்களில் ஒருவர்கூட அந்த நால்வர் வாசித்ததைக் கேட்கவில்லை.

நான் வேண்டுவது இதுதான்: முதலில் கேளுங்கள், அப்புறம் முடிவு சொல்லுங்கள்.

அவர்கள் எடுத்துக்கொண்டது பட்டணம் சுப்பிரமணிய ஐயர் இயற்றிய 'ரகுவம்ச சுதா' கீர்த்தனை. கதனகுதூகல ராகம். அந்த ராகத்தை அமைத்தவரும் அவரே. மேலை நாட்டு இசையின் சாயல் அதில் இருப்பதை இசை தெரிந்த யாரும் மறுக்க மாட்டார்கள். ஆரோகணம், அதாவது ஸ்வரங்கள் ஏறும் வரிசை, ஸ ரி ம த நி க ப ஸ என்று போகும். நி வரைக்கும் ஏறிவிட்டு, சட்டென்று க-வுக்கு இறங்கி, ப-வைத் தொட்டு மேல் ஸ-வுக்குத் தாவ வேண்டும். ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகம் குறைவு, ஸ்வரங்கள் பெரும்பாலும் நேராக நிற்கும். அதனால் கிட்டாரிலும் கீபோர்டிலும் வாசித்தாலும் ராகம் குலையாது. இந்தப் பிள்ளைகள் கமகமே உயிரான தோடி ராகத்தை எடுத்துக்கொண்டு வந்திருந்தால் நானே வேண்டாம் என்று தடுத்திருப்பேன். எதை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று யோசித்துத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அந்த யோசனையையாவது நீங்கள் விசாரித்திருக்கலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கூட்டம் சேரும்வரை மண்டபத்து ஒலிபெருக்கியில் ஒவ்வோர் ஆண்டும் மாண்டலின் ஸ்ரீநிவாஸ் வாசிப்பைப் போடுகிறீர்கள். அதில் இந்த 'ரகுவம்ச சுதா'வும் வரும். அவர் வாசித்தது எலெக்ட்ரிக் மாண்டலின். அதுவும் ஆம்ப்ளிஃபையர் வழியாகத்தான் வரும். கச்சேரி மேடைக்கு அந்த வாத்தியம் வந்த புதிதில் முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். பிறகு அவர் வாசித்ததைக் கேட்டார்கள், ஏற்றுக்கொண்டார்கள். நான் முப்பது வருடத்துக்கு மேலாகச் சொல்லிக்கொடுக்கும் வயலின்கூட வெள்ளைக்காரன் கொண்டுவந்த வாத்தியம்தானே? முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதைக் கற்று நம் இசைக்குப் பழக்கியிருக்காவிட்டால் இன்றைக்கு வயலின் இல்லாத கச்சேரியைத்தான் நாம் கேட்டுக்கொண்டிருப்போம். முத்துசுவாமி தீட்சிதரே, சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பேண்டு வாத்தியக்காரர்கள் வாசித்த மெட்டுகளைக் கேட்டு அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் (பாடல் வரிகள்) எழுதினார். நோட்டு ஸ்வரம் என்று என் வகுப்புப் பிள்ளைகள் பாடுவது அதைத்தான். 'சந்ததம் பாஹிமாம்' இங்கிலாந்து நாட்டுப்பண்ணின் மெட்டு. கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவர் செய்த காரியம் அது. அதை யாரும் அவமரியாதை என்று சொல்லவில்லை.

மேற்கிலும் இதே சண்டை நடந்திருக்கிறது. புரோகிரசிவ் ராக் என்பது அறுபதுகளின் கடைசியில் இங்கிலாந்தில் கிளம்பிய இசை. நீண்ட உருப்படிகள், மாறிக்கொண்டே இருக்கும் தாளக் கணக்கு, சாஸ்திரிய இசையிலிருந்து எடுத்த அமைப்பு எல்லாம் அதில் உண்டு. எமர்சன், லேக் அண்ட் பாமர் என்ற மூவர் குழு 1971-இல் ரஷ்ய இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கியின் 'பிக்சர்ஸ் அட் அன் எக்ஸிபிஷன்' உருப்படியை நியூகாசில் மண்டபத்தில் வாசித்துப் பதிவு செய்தது. தொடக்கப் பகுதியை அந்த மண்டபத்தில் இருந்த பெரிய குழாய் ஆர்கனிலேயே கீத் எமர்சன் வாசித்தார். சாஸ்திரிய இசையைக் கெடுத்துவிட்டார்கள் என்று அப்போதும் ஏச்சு எழுந்தது. ஆனால் முசோர்க்ஸ்கி 1874-இல் அதை எழுதியது பியானோவுக்கு மட்டும். உலகம் இன்று பெரிய ஆர்க்கெஸ்ட்ராவில் கேட்கும் வடிவம் 1922-இல் பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெல் செய்தது. முசோர்க்ஸ்கி இறந்து நாற்பது ஆண்டுக்குப் பிறகு இன்னொருவர் செய்த மாற்றத்தையே எல்லாரும் மூலம்போல மதிக்கிறார்கள். ராவெலுக்கு ஒரு நியாயம், எமர்சனுக்கு வேறு நியாயமா?

அர்ஜென்டினாவின் இசையமைப்பாளர் ஹினாஸ்டெரா கதை இன்னும் பொருத்தம். பியானோவும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்க அவர் எழுதிய முதல் பியானோ கான்செர்ட்டோவின் கடைசிப் பகுதியை 1973-இல் இதே குழு 'டொக்காட்டா' என்ற பெயரில் எலெக்ட்ரானிக் ஓசைகளோடு செய்தது. அனுமதி கிடைப்பது எளிதாக இல்லை. எமர்சன் பதிவைத் தூக்கிக்கொண்டு ஜெனீவாவில் இருந்த ஹினாஸ்டெராவையே பார்க்கப் போனார். அவர் உட்கார்ந்து கேட்டார். கேட்டுவிட்டுச் சம்மதம் தந்தார், பாராட்டவும் செய்தார். தன் சொந்தப் படைப்பை வேறு ஆள் கலைத்துப் போட்டிருக்கும்போது, ஆக்கியவரே கேட்ட பிறகுதான் பேசினார். நம் செயலவைக்கு அந்தப் பொறுமை ஏன் இல்லை?

எல்லாம் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. அதே குழு 1970-இல் ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக்கின் பியானோ உருப்படியை எடுத்து வாசித்தபோது முதல் பதிப்பில் அவர் பெயரைப் போடவே இல்லை. அது தப்பு, எந்தக் காலத்திலும் தப்புதான். ராகத்தின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு பல்லவியை நாலு துண்டாக நறுக்கி, சத்தத்தால் மூடி ஃபியூஷன் (கலப்பிசை) என்று விற்கிறவர்களையும் நான் கேட்டிருக்கிறேன், பாதியில் எழுந்தும் வந்திருக்கிறேன். மூலத்தைக் கற்றவன் தொட்டால் ஒரு மாதிரி, கற்காதவன் தொட்டால் வேறு மாதிரி. பெங்களூரின் 'அகம்' குழு கர்நாடக இசையை ராக்கில் செய்வதைக் கேட்டால் பாடுகிறவர் அந்த இசையைக் கற்றவர் என்று சில வரிகளிலேயே தெரிந்துவிடும். இந்த வித்தியாசம் காதில் விழுந்தால்தான் புரியும். ராக் என்ற பெயரை வைத்துக்கொண்டு அதைச் சொல்ல முடியாது. அதனால்தான் கேளுங்கள் என்கிறேன்.

நம் பிள்ளைகள் செய்திருப்பதைச் சொல்கிறேன். பல்லவியும் அனுபல்லவியும் ஆதி தாளத்தில் அப்படியே, ஒரு ஸ்வரம் மாறாமல், வயலினில் வரும். ஸ்வரங்களாகவே அமைந்த சிட்டஸ்வரப் பகுதியைக் கிட்டார் எடுத்துக்கொள்ளும். அதன் பிறகுதான் இவர்களுடைய சொந்தப் பகுதி: ஏழு அட்சரத்தில் (ஏழு எண்ணிக்கைத் தாளத்தில்), தகிட தகதிமி என்று டிரம்ஸ் இறங்கும், கீபோர்டும் கிட்டாரும் மாறி மாறிக் கேள்வி பதில்போலப் போகும், கடைசியில் கோர்வை (தாளக் கணக்கோடு முடியும் முத்தாய்ப்பு) வைத்து ஆதி தாளத்தில் பல்லவியைப் பிடிப்பார்கள். புரோகிரசிவ் ராக்காரர்கள் ஐந்திலும் ஏழிலும் வாசிப்பதை மேல்நாட்டில் பெரிய வித்தையாகப் பேசுகிறார்கள். ஐந்து எண்ணிக்கையான கண்ட சாபுவும் ஏழு எண்ணிக்கையான மிஸ்ர சாபுவும் கேட்டு வளர்ந்த நமக்கு அந்த இசை வேற்று இசையே இல்லை.

இனி அந்த டிரம்ஸ் வாசிக்கும் தம்பியைப் பற்றி. செம்பனை எண்ணெய் ஆலையில் ஷிப்டு வேலை. ஷிப்டு முடிந்து குளித்துவிட்டு நேராகப் பயிற்சிக்கு வருவான். பயிற்சி நடக்கிற இடம் கிட்டார் வாசிக்கும் பையனுடைய மாமாவின் மோட்டார் பட்டறை. கடை அடைத்த பிறகுதான் இடம் கிடைக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் தாமான் (குடியிருப்பு) வீடுகள், கைக்குழந்தைகள், காலை ஐந்து மணிக்கு வேலைக்குப் போகிறவர்கள். அதனால் பெரிய டிரம்முக்குள் இரண்டு தலையணையைத் திணித்திருக்கிறான். சின்ன டிரம் மேல் அவன் அம்மாவின் பழைய கைலியை நான்காக மடித்துப் போட்டிருக்கிறான். சிம்பல் தட்டுகளில் மோட்டார் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டியிருக்கிறான். அடித்தால் டொக், டொக் என்று கேட்கும், அவ்வளவுதான். இத்தனை மாதப் பயிற்சியில் அவன் மற்ற மூவரோடு சேர்ந்து முழுச் சத்தத்தில் ஒருமுறைகூட வாசித்ததில்லை. தான் அமைத்த தாளம் எப்படிக் கேட்கும் என்று அவனுக்கே தெரியாது. விழா மேடையில்தான் முதல்முதலாகக் கேட்டிருப்பான். அதற்காக ஷிப்டை மாற்றிக்கொண்டு ஓ.டி. (கூடுதல் நேர வேலை) காசையும் விட்டிருந்தான்.

அந்தப் பிள்ளைகள் மண்டபத்தைக் கேட்காமலும் இல்லை. வார நாட்களில் பூட்டியே கிடக்கும் மண்டபத்துக்கு, கல்யாணத்துக்கு வாங்குகிற வாடகையைக் கேட்டீர்கள். நாலு பேரும் சேர்ந்தாலும் கட்ட முடியாத தொகை.

ஒவ்வொரு விழாவிலும் மேடையேறுகிறவர்கள் இளைஞர்கள் கெட்டுப்போகிறார்கள், கோயில் பக்கம் வருவதில்லை, கும்பலில் சேர்கிறார்கள் என்று பேசுகிறார்கள். நானும் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, தொழிலாளர்களின் லயத்து வீடுகள் போய், பால்மரம் (ரப்பர்) இருந்த இடமெல்லாம் செம்பனையும் தாமானுமாக மாறிவிட்டன. படித்தவன் கோலாலம்பூருக்குப் போகிறான், படிக்காதவன் சிங்கப்பூருக்குப் போகிறான். சுங்கை சிப்புட்டில் தங்கியிருக்கிற பிள்ளைகளில் நாலு பேர், யாரும் சொல்லாமலே, பட்டணம் சுப்பிரமணிய ஐயர் யார் என்று தேடிப் படித்திருக்கிறார்கள். கிட்டார் பையன் ஸ்வரம் எழுதக் கற்றுக்கொள்ள என் வீட்டுக்கு வருகிறான். அவன் என்னிடம் கேட்கிற கேள்விகளைப் பத்து வருடம் பாட்டுப் படித்த பிள்ளைகள்கூடக் கேட்டதில்லை. இப்படி வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டு, யாரும் வருவதில்லை என்று பேசுவது நியாயமா, ஐயா? மாலை மரியாதைக்கும் உரைகளுக்கும் இரண்டு மணி நேரம் கிடைக்கிறது, பதினைந்து நிமிட இசைக்கு இடம் கிடைக்கவில்லை. உறுமி மேளம் அதே வாசலில் அதே ஒலிபெருக்கியில் முழங்கும்போது நாம் எல்லாரும் மெய்மறந்து நிற்கிறோம். சத்தம் தெய்வத்துக்கு ஆகாது என்று நம் ஊரில் யாரும் சொல்ல முடியாது.

பேச்சு நீண்டுவிட்டது. நீங்கள் சம்பளம் வாங்காமல் ஊருக்காக உழைக்கிறவர்கள். விழா நடத்துவதில் எத்தனை தலைவலி என்று எனக்குத் தெரியும். பெரியவர்கள் சிலர் மனம் புண்படுமே என்றுதான் நீங்கள் தயங்கியிருப்பீர்கள். அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். ஒன்றை மட்டும் பணிவோடு சொல்கிறேன்: ஆங்கில இசையமைப்பாளர் ஹோல்ஸ்டின் 'மார்ஸ்' உருப்படியைப் பதிவு செய்ய கிங் கிரிம்சன் என்ற புரோகிரசிவ் ராக் குழு கேட்டபோது ஹோல்ஸ்டின் உரிமைதாரர்கள் மறுத்தார்கள். அது அவர்கள் கையில் இருந்த உரிமை. 'ரகுவம்ச சுதா' செயலவையின் சொத்தும் இல்லை, என் சொத்தும் இல்லை. கற்றுக்கொண்ட எல்லாருக்கும் அது பொது.

வரும் பொங்கல் விழாவுக்கான கூட்டத்துக்கு முன்னால் இவர்கள் வாசிப்பதை ஒருமுறை கேளுங்கள். இசை தெரிந்த பெரியவர் யாரையும் கூட அழைத்து வாருங்கள். இயற்றியவர் பெயரையும் ராகத்தையும் மேடையில் முதலில் அறிவிக்க வேண்டும், பல்லவியில் கைவைக்கக் கூடாது, ஒலியின் அளவை நீங்களே வைக்கலாம். இவற்றுக்கெல்லாம் பிள்ளைகள் சம்மதித்துவிட்டார்கள், நான் பேசிவிட்டேன். கேட்ட பிறகும் வேண்டாம் என்று தோன்றினால் எந்த இடம் சரியில்லை என்று அவர்களிடம் நேரில் சொல்லுங்கள். திருத்திக்கொள்வார்கள். அதையும் நான் ஏற்பேன். கேட்காமல் சொன்ன 'முடியாது' என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

பட்டறையில் முழுச் சத்தத்தில் வாசிக்க வழியில்லை என்பதால், ஒரு மாலை இரண்டு மணி நேரத்துக்கு மண்டபத்தை வாடகை இல்லாமல் திறந்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். ஆம்ப்ளிஃபையரும் மற்ற சாமான்களும் அவர்களே கொண்டுவந்து, முடிந்ததும் கூட்டிப் பெருக்கிவிட்டுப் போவார்கள். உங்களுக்கு வசதியான தேதியை இந்த மாத முடிவுக்குள் தெரியப்படுத்துங்கள். டிரம்ஸ் தம்பிக்கு ஷிப்டு மாற்ற ஒரு வாரம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

மரியாதையுடன்,
வயலின் ஆசிரியை,
சுங்கை சிப்புட்