மேடை மறுக்கப்பட்ட இசையைப் பற்றி

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு வாரமலரின் வாசகர் பக்கத்தில் வெளிவந்த கடிதத்துக்கு இது என் பதில். ஒரு பாடசாலையின் கிறிஸ்மஸ் ஒளிவிழாவில் மாணவர் இசைக்குழு வாசிக்கவிருந்த ‘மெற்றல்’ இசை (மின் கிற்றாரும் டிரம்மும் அதிரும் ரொக் வகை) கடைசி நேரத்தில் நிறுத்தப்பட்டதை அந்த வாசகர் மனமாரப் பாராட்டியிருந்தார். பேயையும் வன்முறையையும் கொண்டாடும் இரைச்சல் அது, போரைக் கண்ட மண்ணுக்கு அது ஒவ்வாது என்பது அவருடைய வாதம். பாடசாலையின் பெயரை நானும் எழுதப் போவதில்லை. ஆனால் அந்தக் குழுவில் வயலின் வாசிக்கவிருந்த பிள்ளை என்னிடம் படிப்பவள். எந்த இசை நிறுத்தப்பட்டது என்பதை அறிந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

அதன் பெயர் ‘கிறிஸ்மஸ் ஈவ், சரயேவோ 12/24’. அதில் ஒரு சொல்கூடப் பாடப்படுவதில்லை. இரண்டு பழைய கிறிஸ்மஸ் கீதங்களின் மெட்டுகளை, வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியமான செலோவிலும் கிற்றாரிலும் வாத்தியக் கூட்டத்திலும் வாசிக்கும் இசை அது. முதல் மெட்டு ‘கோட் ரெஸ்ட் யி மெரி ஜென்டில்மென்’. சங்கீதம் படித்த எவரும் அதைப் பாடிப் பார்க்கலாம்: ஸ ஸ ப ப ம க ரி ஸ. இரண்டாவது உக்ரைனின் மிக்கோலா லியொன்ரோவிச் அமைத்த ‘கரல் ஒஃப் த பெல்ஸ்’. க ரி க ஸ என்ற ஒரே துண்டு சுற்றிச் சுற்றி வரும். சாதாரண காந்தாரம், சதுச்ருதி ரிஷபம், கணக்கில் மூன்றெண்ணிக்கை. லியொன்ரோவிச் 1921இல் சுட்டுக் கொல்லப்பட்டவர். இதில் பேய் எங்கே இருக்கிறது என்று அந்த வாசகரிடம் உண்மையாகவே கேட்கிறேன்.

இதைப் படைத்த குழு ‘சவட்டாஜ்’. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தைச் சேர்ந்த ஜோன் ஒலிவா, கிறிஸ் ஒலிவா என்ற சகோதரர்கள் தொடங்கியது. அண்ணன் பாடினார், பியானோ வாசித்தார், தம்பி கிற்றார். பவர் மெற்றல் என்று இரசிகர்கள் அழைக்கும் வகைக்கு முன்னோடிகளில் ஒன்றாக இந்தக் குழுவைச் சொல்வார்கள்: விரைந்தோடும் டிரம், உச்சஸ்தாயிப் பாட்டு, கதை சொல்லும் வரிகள். முதல் அல்பம் ‘சைரன்ஸ்’ 1983இல் வந்தது. ஆரம்ப கால அல்பங்களில் எனக்குப் பெரிய ஈடுபாடு இல்லை. 1986இல் வந்த ‘ஃபைட் ஃபோர் த ரொக்’ யாருக்காகவோ செய்துகொடுத்த வேலை போல் ஒலிக்கிறது, அதை விட்டுவிடலாம்.

1987இல் நியூயோர்க் தயாரிப்பாளர் போல் ஓ’நீல் வந்து சேர்கிறார். அந்த ஆண்டின் ‘ஹோல் ஒஃப் த மவுண்டன் கிங்’ அல்பத்திலேயே நோர்வே இசையமைப்பாளர் கிரீக்கினுடைய செவ்வியல் இசை மின் கிற்றாருக்குள் நுழைந்துவிடுகிறது. 1989இல் ‘கட்டர் பலே’. அதில் பியானோவும் வாத்தியக் கோவையும் முன்னுக்கு வந்தன. 1991இல் ‘ஸ்ட்ரீட்ஸ்’, முழுக்க ஒரே கதையைச் சொல்லும் ரொக் இசைநாடகம். நியூயோர்க் தெருவில் போதைப்பொருள் விற்றவன் பாடகனாகி, உயர்ந்து, விழுந்து, மீளத் தேடும் கதை. அதன் கடைசிப் பாட்டான ‘பிலீவ்’ ஒன்றுக்காகவே அந்த இறுவட்டைப் பிள்ளைகளிடம் தாராளமாகக் கொடுக்கலாம். இன்று நம் தெருக்களிலும் அந்த விற்பனை நடக்கிறது என்பதை உங்கள் செய்திப் பக்கங்களே வாரந்தோறும் சொல்கின்றன.

அதன்பின் ஜோன் பாடகர் இடத்திலிருந்து விலகி, பாட்டு எழுதுவதைத் தொடர்ந்தார். ஸாக் ஸ்டீவன்ஸ் பாட, 1993இல் ‘எட்ஜ் ஒஃப் தோர்ன்ஸ்’ வெளியானது. அதே ஆண்டு ஒக்டோபர் 17ஆம் திகதி, இசைவிழா ஒன்றுக்குப் போகும் வழியில், குடித்துவிட்டு வாகனம் ஓட்டிய ஒருவன் மோதிக் கிறிஸ் ஒலிவா இறந்தார். வயது 30. தம்பியைப் பறிகொடுத்த அண்ணன் அடுத்த ஆண்டே ‘ஹான்ட்ஃபுல் ஒஃப் ரெயின்’ என்ற அல்பத்தைச் செய்தார். ஸ்டீவன்ஸ் பாடினார், தனி கிற்றார் வாசிக்க அலெக்ஸ் ஸ்கோல்னிக் வந்தார், மற்ற வாத்தியங்களில் பெரும்பாலானவற்றை ஜோன் தானே வாசித்துப் பதிவு செய்தார். வீட்டில் ஒருவர் போனபின் மற்றவர்கள் வேலையில் மூழ்கிக் கிடப்பதை நாம் எத்தனை வீடுகளில் பார்த்திருக்கிறோம்! அல்பத்தின் கடைசிப் பாட்டு ‘அலோன் யூ பிரீத்’ கிறிஸுக்கான அஞ்சலி. அதற்குள் ‘பிலீவ்’ பாட்டின் வரிகள் திரும்ப வருகின்றன. சோகப் பாட்டு என்றால் மெதுவாகவும் மெலிதாகவும்தான் இருக்க வேண்டும் என்று எண்ணுபவர்கள் அதன் கடைசிப் பகுதியைக் கேட்க வேண்டும்.

அதே அல்பத்தில் ‘சான்ஸ்’ என்ற பாட்டு இருக்கிறது. 1940இல் லித்துவேனியாவில் யப்பானின் தூதரக அதிகாரியாக இருந்த சியூனே சுகிஹாரா, தன் அரசாங்கத்தின் உத்தரவை மீறி ஆயிரக்கணக்கான யூதர்களுக்கு விசா எழுதிக் கொடுத்து உயிர்காத்தவர். அவர் நினைவில் எழுந்த பாட்டு அது. அதன் நடுவே ஒரு குரல் ஒரு மெட்டில் தொடங்கும். அது முடியுமுன் வேறு சொற்களோடு வேறு மெட்டில் இன்னொன்று சேரும், பிறகு இன்னொன்று. எல்லாம் ஒரே நேரத்தில் ஓடியும் ஒன்றையொன்று கெடுப்பதில்லை. நம் சங்கீதத்தில் இந்த முறை இல்லை. மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைக் கரும்பலகையில் விளக்குவதைவிட அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டுவது எளிது; நான் அப்படித்தான் செய்கிறேன்.

இனி, தடுக்கப்பட்ட அந்த இசை வந்த அல்பம். ‘டெட் வின்டர் டெட்’ வெளியானது 1995 ஒக்டோபரில். அந்த மாதத்தை இங்கு எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. மாத இறுதியில், 30ஆம் திகதி, இராணுவம் நெருங்க, யாழ்ப்பாணத்தின் வலிகாமம் முழுவதும் ஊரைவிட்டு மழையில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது. வயலினைப் பொலித்தீனால் சுற்றி நெஞ்சோடு அணைத்தபடி நானும் அந்தச் சனத்துக்குள் நின்றேன். மின்சாரம் இல்லை, பற்றறிக்குத் தடை, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம். எங்கோ ஓர் அமெரிக்கக் குழு இன்னொரு முற்றுகைக்குள் இருந்த நகரத்தைப் பாடியது நம் காதுக்கு எட்ட வழியே இருக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து, ரொறொன்ரோவிலிருந்து வந்த அண்ணாவின் மகன் விட்டுச்சென்ற இறுவட்டில்தான் கேட்டேன்.

கதை போர்க்காலப் பொஸ்னியாவில், முற்றுகைக்குள் இருந்த அதன் தலைநகர் சரயேவோவில் நடக்கிறது. சேர்பிய இளைஞன் ஒருவன், முஸ்லிம் பெண் ஒருத்தி. எதிரெதிர் அணிகளில் சேர்ந்து, அவன் சரயேவோவைச் சுற்றியுள்ள மலைகளிலிருந்தும் அவள் நகருக்குள்ளிருந்தும் போரிடுகிறார்கள். ஆயுத வியாபாரிக்கென்றே ஒரு பாட்டு உண்டு: யாருக்கு விற்கிறோம் என்பது அவனுக்கு ஒரு பொருட்டே கிடையாது. ஷெல் விழுந்த பள்ளிக்கூட முற்றத்தில் பிள்ளைகளின் உடல்களைப் பார்த்தபின் அந்த இளைஞனின் மனம் போரை விட்டு விலகுகிறது. கிறிஸ்மஸுக்கு முந்திய இரவு, இடிந்த சதுக்கத்தில் ஒரு கிழவர் செலோவில் கிறிஸ்மஸ் கீதங்களை வாசிக்கிறார். இரண்டு பக்கத்தாரும் கேட்கிறார்கள். ஒளிவிழாவில் வாசிக்கவிருந்தது இந்த இடத்து இசைதான். ஒற்றைச் செலோ தொடங்குகிறது. அதன் மேல் கிற்றார்களும் டிரம்மும் போரின் பெருஞ்சத்தமாக இறங்குகின்றன. அந்தச் சத்தம் வேண்டுமென்றே வைக்கப்பட்டது. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வாழ்த்து அட்டையில் ஒலிக்கும் மெட்டு மட்டுமே.

அந்தக் கிழவருக்கு மூலம் உண்மையான ஒரு மனிதர். 1992 மே 27 அன்று சரயேவோவில் ரொட்டிக்காக வரிசையில் நின்ற சனங்கள் மீது ஷெல் விழுந்தது. சரயேவோ ஒபெராவில் செலோ வாசித்த வெட்ரான் ஸ்மைலோவிச், மாலைநேரக் கச்சேரி உடையணிந்து, அந்த இடத்துக்கே போய் இறந்தவர்களுக்காக வாசித்தார். அந்த ஆண்டு ஓகஸ்டில் ஷெல் வீச்சில் எரிந்த தேசிய நூலகத்தின் இடிபாடுகளுக்குள் அவர் அமர்ந்து வாசிக்கும் புகைப்படம் உலகமெங்கும் போனது. 1981இல் எரிந்த நம் யாழ்ப்பாண நூலகத்தை இங்கு நான் நினைவூட்டத் தேவையில்லை. தஞ்சமடைந்த சனங்கள் குண்டுவீச்சில் இறந்த நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தையும் தேவையில்லை; அதுவும் 1995தான், யூலை 9. போரைக் கண்ட மண்ணுக்கு ஒவ்வாத இசை என்று எழுதியவர், போரைக் கண்ட ஒரு மண்ணைப் பற்றிய இசையையே அப்படிச் சொல்லியிருக்கிறார்.

இந்த அல்பத்தில் எனக்கு உடன்பாடில்லாதவையும் உண்டு. ஸ்மைலோவிச் அப்போது முப்பதுகளில் இருந்தவர். உயிர் தப்பி, பின்னர் வட அயர்லாந்தில் குடியேறினார். கதைக்காக அவரைக் கிழவராக்கி, செலோ அருகில் சாகவும் வைத்துவிட்டார்கள். துயரம் நிறைவுபெற ஒரு சாவு வேண்டும் என்ற நினைப்பு வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு வருவது. உள்ளே இருந்தவர்களுக்கு அவர் பிழைத்ததுதான் பெரிய செய்தி. காதலர்கள் கைகோத்துப் போரைவிட்டு நடப்பதாக முடிவதும் அவசரமாகப் படுகிறது. யாருடைய போரும் அப்படி விட்டுப் போகவில்லை. ஆனாலும், போர் இன்னும் நடந்துகொண்டிருந்தபோதே, அதை முடித்துவைத்த டேற்றன் உடன்பாட்டுக்கு முன்னரே, ஒரு பக்கத்தை அரக்கராக்காமல் அவர்கள் இதைச் செய்தார்கள். அதை நான் மதிக்கிறேன்.

அமெரிக்காவில் இந்த ஒரு துண்டு தனியாகப் பறந்தது. 1996இல் ஓ’நீல், அதே பதிவை ‘டிரான்ஸ்-சைபீரியன் ஒர்கெஸ்ட்ரா’ என்ற புதிய பெயரின் கீழ் முதல் அல்பத்தில் சேர்த்தார். இன்று அந்த நாட்டின் கிறிஸ்மஸ் காலத்து வானொலிகளில் குடும்பத்தோடு கேட்கும் இசை அது. நம் ஊரில் அதற்கு ஒளிவிழா மேடை கிடைக்கவில்லை.

அடுத்து வந்த அல்பங்களை உங்கள் பத்திரிகைக்காகவே குறிப்பிடுகிறேன். 1997இன் ‘த வேக் ஒஃப் மஜெல்லன்’ கடலில் சாகப் புறப்பட்ட ஒரு முதிய மாலுமி, புயலில் தத்தளிக்கும் இன்னொருவனைக் காப்பாற்றும் கதை. சரக்குக் கப்பலில் ஒளிந்து பயணித்த ருமேனியர்கள் கடலில் தள்ளப்பட்ட 1996ஆம் ஆண்டுச் சம்பவம் அதன் பின்னணி. படகேறிக் கடலில் காணாமல் போனவர்களின் வீடுகள் நம் கரையிலும் இருக்கின்றன. அதே அல்பத்தில் வெரோனிக்கா கெரினின் பெயரைத் தலைப்பிலேயே தாங்கிய பாட்டு ஒன்று உண்டு. போதைப்பொருள் கும்பல்களைப் பற்றி எழுதியதற்காக 1996 யூனில் டப்ளின் அருகே சுட்டுக் கொல்லப்பட்ட அயர்லாந்துப் பத்திரிகையாளர் அவர். 2000 ஒக்டோபர் 19 இரவு தன் வீட்டிலேயே கொல்லப்பட்ட யாழ்ப்பாணப் பத்திரிகையாளர் மயில்வாகனம் நிமலராஜனை நினைக்காமல் அந்தப் பாட்டை என்னால் கேட்க முடியவில்லை. நம் பத்திரிகையாளர்களுக்கு இப்படி ஒரு பாட்டை நாம் இன்னும் செய்யவில்லை. 2001இன் ‘போயட்ஸ் அன்ட் மாட்மென்’, சூடான் பஞ்சத்தில் எடுத்த படத்துக்காக புலிட்சர் பரிசு பெற்று, பின்னர் தன்னைத்தானே மாய்த்துக்கொண்ட தென்னாபிரிக்கப் புகைப்படக்காரர் கெவின் கார்ட்டரின் வாழ்விலிருந்து பிறந்தது. அதன்பின் புதிய அல்பம் இல்லாமல் நீண்ட மௌனம். 2017 ஏப்ரலில் ஓ’நீலும் காலமானார்.

சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கோவில் வீதியில் இரவிரவாகத் தவில் தனி கேட்டு வளர்ந்த சனம் நாங்கள். யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் கையைப் பற்றி இன்றும் கண்கலங்கிப் பேசும் பெரியவர்கள் இருக்கிறார்கள். தவிலின் வலிமையைச் சத்தம் என்று நாம் சொல்வதில்லை, ஏனென்றால் அதற்குள் இருக்கும் கணக்கு நமக்குத் தெரியும். இந்த இசைக்குள்ளும் கணக்கு இருக்கிறது. அதை அந்தப் பிள்ளைகள் ஆசிரியர் எவரும் இல்லாமல், காதால் கேட்டே எழுதி எடுத்திருக்கிறார்கள். செலோ கிடைக்காததால் அந்தப் பகுதியை என் மாணவி வயலினில், கீழ்த்தந்தியில் வாசிக்கிறாள். ஒரு பாடசாலை பெருமைப்பட வேண்டிய வேலை அது.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். வாரமலரின் கலைப்பக்கம் சினிமாப் பாட்டுக்கும் அரங்கேற்றச் செய்திக்கும் இடம் கொடுப்பதுபோல, நம் இளையவர்கள் உண்மையில் கேட்கும் இசைக்கும், கேட்டறிந்து எழுதக்கூடியவர்களைக்கொண்டு இடம் கொடுக்க வேண்டும். மற்றது, நிறுத்தியவர்களின் நியாயத்தை அச்சிட்ட நீங்கள், நிறுத்தப்பட்ட பிள்ளைகளிடமும் கேட்க வேண்டும். சனிக்கிழமைகளில் பிற்பகல் மூன்று மணிக்கு என் வீட்டு விறாந்தையில் அவர்கள் பயிற்சி செய்கிறார்கள். ஒரு நிருபரை அனுப்புங்கள். கடந்த வாரம் கடிதம் எழுதிய வாசகரும் வரலாம். முகவரியைத் தனித்தாளில் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
வயலின் ஆசிரியை ஒருவர்,
கோண்டாவில்.