கடைசி எபிசோடை மட்டும் பார்க்காதே

அன்புள்ள சுந்தர்,

அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று எழுதியிருந்தாய், நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். சேது வீடு மாறிவிட்டான், அவனே போன் செய்து சொல்வான். மற்ற சங்கதி எல்லாம் அடுத்த கடிதத்தில். இப்போது அவசரமாக எழுதக் காரணம் உன் கடிதத்தில் இருந்த அந்த ஒரு வரிதான். கிளார்க் கென்ட் சூப்பர்மேனாக மாறும் முன் நடக்கும் கதையான 'ஸ்மால்வில்' டிவி தொடரை ஏழாம் சீசனோடு விட்டுவிட்டாயாம், இந்த ஞாயிற்றுக்கிழமை கடைசி எபிசோடை மட்டும் பார்த்துக் கணக்கை முடித்துவிடப் போகிறாயாம். வேண்டாம்டா. 2001 அக்டோபரில் ஆரம்பித்து 2011 மே 13 வரை, மொத்தம் 217 எபிசோட் ஓடிய தொடர் அது. முடிவை மட்டும் தனியாகக் கிள்ளிப் பார்த்தால் 'இதற்குத்தானா பத்து வருஷம்?' என்றுதான் உனக்குத் தோன்றும். அப்படித் தோன்றியபின் உன் மனசை மாற்ற யாராலும் முடியாது.

நீ விட்ட இடம் நியாயமான இடம்தான். ஏழாம் சீசனோடு தொடரை உருவாக்கிய ஆல்ஃபிரட் கஃப், மைல்ஸ் மில்லர் இருவரும் வெளியேறினார்கள். கிளார்க்கின் நண்பனாக இருந்து எதிரியாகும் லெக்ஸ் லூதராக நடித்த மைக்கேல் ரோசன்பாம் போனார், முதல் காதலி லானாவும் நிரந்தர நடிகர் பட்டியலிலிருந்து போனாள். பலரும் அங்கேதான் இறங்கினார்கள். எட்டாவதில் நான்கு பேர் சேர்ந்து பொறுப்பை எடுத்துக்கொண்டார்கள். ஒன்பதிலும் பத்திலும் அவர்களில் கெல்லி சௌடர்ஸ், பிரையன் பீட்டர்சன் இருவர் மட்டும். பத்தாம் சீசன் இந்த இருவருடைய சீசன். முடிவு நெருங்கிவிட்டது என்று தெரிந்து எழுதியது. அந்தத் தெளிவு ஒவ்வொரு எபிசோடிலும் தெரியும்.

'இறுக்க உடையும் கிடையாது, பறப்பதும் கிடையாது' என்று முதல் நாளே தொடரை உருவாக்கியவர்கள் தங்களுக்குப் போட்டுக்கொண்ட விதி உனக்கு நினைவிருக்கும். நான்காம் சீசன் முதல் எபிசோடில் தன்னை மறந்த நிலையில் கிளார்க் பறந்தானே, அதை விட்டால் கடைசி நாள் வரை அந்த விதியைக் காப்பாற்றினார்கள். ஆகவே பத்தாம் சீசன் பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இவன் ஏன் இன்னும் பறக்கவில்லை? அவன் பிறந்த கிரிப்டான் கிரகத்து மற்றவர்கள் வந்த நாளிலேயே பறக்கிறார்கள். அவன் உறவுக்காரி காராவும் பறக்கிறாள். இவனுக்கு மட்டும் முடியவில்லை என்றால் தடை உடம்பில் இல்லை. சீசன் முழுக்க அந்தத் தடையைத்தான் ஒவ்வொன்றாகக் கழற்றுகிறார்கள். கழற்றுகிற எபிசோடுகளைப் பார்க்காமல் பறக்கிற எபிசோடை மட்டும் பார்த்தால் என்ன மிஞ்சும்? கணினியில் செய்த ஒரு சிவப்புக் கேப், அவ்வளவுதான்.

எனவே வரிசை சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்.

ஒன்பதாம் சீசனின் கடைசி எபிசோடு 'சால்வேஷன்' முதலில். இது கட்டாயம். ஒரே முத்தத்தில் காதலி லோயிஸுக்கு, ஊரைக் காப்பாற்றும் மர்ம நாயகன் கிளார்க்தான் என்ற உண்மை விளங்குவது இங்கேதான். வளர்ப்பு அம்மா மார்த்தா மகனுக்கு அந்த சூப்பர்மேன் உடையை அனுப்பி வைப்பதும் இங்கேதான். அதன் கடைசி நிமிஷத்திலிருந்து நேராகப் பத்தாவதின் முதல் எபிசோடு 'லாசரஸ்' தொடங்குகிறது. உடை கையில் கிடைத்துவிட்டது, எடுத்து மாட்ட வேண்டியதுதான் பாக்கி என்று இருக்கும்போது, பெற்ற அப்பா ஜோர்-எல் அதைப் பனிக்கோட்டைக்குள் இழுத்துக்கொண்டு 'நீ இன்னும் தயாராகவில்லை' என்கிறார். உன்னிடம் ஆணவமும் பழிவாங்கும் எண்ணமும் இருக்கிறது, இருள் அந்த வழியாகத்தான் உள்ளே வரும் என்பது அவர் கணக்கு. அந்தக் காட்சியைக் கவனமாகப் பார். மீதி 21 எபிசோடும் அந்தப் பனியை உடைக்கிற வேலைதான். சோளக்காட்டில் லோயிஸைச் சோளக்கொல்லைப் பொம்மை போலக் கட்டி வைக்கிற காட்சியும் இதில் உண்டு. முதல் எபிசோடில் கிளார்க்கைக் கட்டியதை நினைவில் வைத்துக்கொண்டு பார்.

அடுத்து நான்காவது, 'ஹோம்கமிங்'. இது தொடரின் 200-வது எபிசோடு. ஐந்தாம் சீசனில் வளர்ப்பு அப்பா ஜோனதன் கென்ட் இறந்தது 100-வது எபிசோடில். அப்பாவின் சாவுக்குத் தான்தான் காரணம் என்று ஒரு நூறு எபிசோடாகச் சுமந்ததை மிகச் சரியாக நூறு எபிசோடு கழித்து இறக்கி வைக்கிறார்கள். எதிர்காலத்திலிருந்து பிரெய்னியாக் 5 வந்து அவனை இறந்தகாலத்துக்கும் எதிர்காலத்துக்கும் கூட்டிப் போகிறான். எதிர்காலக் கிளார்க் மூக்குக்கண்ணாடியும் கூச்சமுமாக டெய்லி பிளானெட் பத்திரிகை ஆபீஸில் ஓடித் திரிவதைப் பார்த்து நம் கிளார்க் விழிக்கிற விழி இருக்கிறதே, டாம் வெல்லிங்குக்கு நகைச்சுவை வராது என்று சொன்ன சேதுவைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும். கடைசியில் தானியக் கிடங்கில் இருவரும் ஆடும்போது கால் தரையில் இல்லை. அவர்கள் அதைக் கவனிக்கவில்லை, நீ கவனி. முதல் சுமை இறங்கிய உடனே உடம்பு மேலே எழுகிறது. யாரும் வசனத்தில் விளக்கம் சொல்வதில்லை.

ஐந்தாவது 'ஐசிஸ்', லோயிஸிடம் அவன் தன் ரகசியத்தைத் தன் வாயால் சொல்கிற எபிசோடு. நடுவில் வருகிற எகிப்திய தேவதைக் கதை சுமார்தான், பொறுத்துக்கொள். எட்டாவது 'அபான்டண்ட்' பழைய சூப்பர்மேன் பிரியர்களுக்கான விருந்து. லோயிஸின் அம்மாவாக வருபவர் டெரி ஹேட்சர், 1990-களின் தொடரில் லோயிஸாகவே நடித்தவர். கிளார்க்கின் பெற்ற தாயாக ஹெலன் ஸ்லேட்டர், 1984 படத்தின் சூப்பர்கேர்ள். ஆனால் கதைக்கு வேண்டியது டெஸ் மெர்ஸரின் பிறப்பு ரகசியம். அவளை உனக்குத் தெரியாது, எட்டாம் சீசனில் வந்தவள். லெக்ஸின் அப்பா லயனலின் மகள், அவன் அநாதை விடுதியில் தள்ளிவிட்டுப் போன பெண். ஃபினாலேயில், அதாவது கடைசி எபிசோடில், அவள் முடிவு உன்னை உலுக்க வேண்டுமானால் இதைப் பார்த்தே ஆக வேண்டும்.

பத்தாவது 'லூதர்'. இதைத் தாண்டினால் நீ நிச்சயம் குழம்புவாய். ஏழாம் சீசனில் ஜன்னல் வழியாகத் தள்ளி லெக்ஸ் கொன்ற லயனல் ஃபினாலேயில் எப்படி நடமாடுகிறான் என்று கேட்பாய். இது வேறு லயனல். கண்ணாடிப் பெட்டி ஒன்று கிளார்க்கை மாற்று உலகத்துக்கு வீசுகிறது. அங்கே விண்கலத்திலிருந்து குழந்தையை எடுத்தது கென்ட் தம்பதி இல்லை, லயனல். அந்த லயனல்தான் இங்கே தொற்றிக்கொண்டு வருகிறான். ஜான் குளோவர் அதே முகத்தில் வேறொரு மிருகத்தைக் காட்டுகிறார். இதனோடு 17-வது 'கென்ட்' எபிசோடைச் சேர்த்துப் பார். அந்த உலகத்து ஜோனதன், மகன் கிடைக்காத ஜோனதன், எப்படிப்பட்ட மனிதனாகிப் போனான் என்று அதில் தெரியும். கிளார்க்கை ஜோனதன் வளர்த்தார் என்றுதான் ஒன்பது வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜோனதனை நல்லவனாக வைத்திருந்ததில் கிளார்க்குக்கும் பங்கு உண்டு என்பது இங்கே புரிகிறது. தொடரின் ஆகச் சிறந்த யோசனை இதுதான் என்பேன்.

11-வது 'ஐகரஸ்', 13-வது 'பீக்கன்', 16-வது 'சயான்' மூன்றையும் பார். லூதர் வீட்டுக் கணக்கு இவற்றில்தான் ஓடுகிறது. 18-வது 'பூஸ்டர்' எழுதியவர் காமிக்ஸ் எழுத்தாளர் ஜெஃப் ஜான்ஸ். மூக்குக்கண்ணாடி எதற்கு என்ற கேள்விக்கு ஒழுங்கான பதில் இதில் இருக்கிறது. கிளார்க்கின் நண்பன் ஆலிவர் மூன்றாவது எபிசோடிலேயே தான்தான் கிரீன் ஏரோ என்ற முகமூடி வில்லாளி என்று டிவியில் சொல்லிவிட்டான். கிளார்க் அதற்கு நேர் எதிர். நாயகன் முகத்தை மறைக்காமல் வெளிச்சத்தில் நிற்கப் போகிறான், ஆகவே மறைய வேண்டியவன் கிளார்க். கூனி நடப்பது, காப்பியைக் கொட்டுவது, திக்கித் திக்கிப் பேசுவது எல்லாவற்றையும் லோயிஸோடு சேர்ந்து பழகுகிறான். வேஷம் கேப் இல்லை, கண்ணாடிதான். 20-வது 'ப்ராஃபெசி'யையும் விடாதே. ஒரு நாள் முழுக்க அவன் சக்தி லோயிஸுக்குக் கிடைக்கிறது. அது தெரியாவிட்டால் ஃபினாலே ஆரம்பத்தில் அவள் கல்யாணம் வேண்டாம் என்பது வெறும் அடமாகத் தெரியும்.

விடக்கூடியவை: 'ஷீல்ட்', 'ஹார்வெஸ்ட்', 'ஆம்புஷ்'. 'டொமினியன்' ஸாட் என்ற கிரிப்டான் வில்லனின் கதை, ஜஸ்டின் ஹார்ட்லி இயக்கியது. ஒன்பதாம் சீசன் பார்க்காத உனக்கு அதில் பிடி கிடைக்காது. ஆக 'சால்வேஷன்' நீங்கலாகப் பதினொரு எபிசோடு, ஒவ்வொன்றும் 42 நிமிஷம் போல. பிறகு 21, 22 சேர்ந்த ஃபினாலே, விளம்பரம் இல்லாமல் ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. சில இடங்களில் இரண்டாக வெட்டி வைத்திருப்பார்கள். நடுவில் நிறுத்தாதே, ஒரே மூச்சில் பார்.

இனி குறைகள். முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் நீ அங்கே மாட்டிக்கொண்டு மற்றதைத் தவறவிட மாட்டாய்.

இந்த சீசனின் வில்லன் டார்க்ஸைட் பெரிய ஏமாற்றம். சீசன் முழுக்கப் புகையாக, காக்கைக் கூட்டமாக வருகிறான். கடைசியில் லயனலின் உடம்பில் புகுந்து நிற்கிறான், கிளார்க் ஊடுருவிப் பறந்ததும் தூளாகிறான். அவனுடைய மூன்று கையாட்களும் ஆலிவரின் அம்புகளில் சில நொடியில் காலி. வருஷம் முழுக்கக் கட்டிய பயத்துக்கு இது போதவே போதாது. எழுத்தாளர்கள் அவனை எதிரியாக யோசிக்கவில்லை, சந்தேகத்துக்கு வைத்த பெயராக யோசித்தார்கள். கருத்தாகச் சரி, சண்டையாகப் பலவீனம். அவனுடைய அப்போகொலிப்ஸ் கிரகம் பூமியை நோக்கி வருவதும் அப்படித்தான், பார்க்கும்போது எடை இல்லை.

உடை. 2006-ல் வந்த சூப்பர்மேன் படத்தின் உடையையே வாங்கி வைத்திருக்கிறார்கள். ஆனால் டாம் வெல்லிங் அதை முழுசாக அணிந்து நிற்கிற ஒரு காட்சி கூடக் கிடையாது. முகம், கழுத்து, தோள் வரை ஒரு ஷாட். தூரத்தில் கணினி உருவம். கடைசியில் மாடியில் ஓடிக்கொண்டே சட்டையைக் கிழிக்கிற நெஞ்சு. பத்து வருஷம் காத்தவர்களுக்கு ஒரே ஒரு முழு ஷாட் கடன்பட்டிருந்தார்கள், கொடுக்கவில்லை. இதில் எனக்குச் சமாதானமே கிடையாது.

மூன்றாவதுதான் உன்னைக் கொதிக்க வைக்கும். லெக்ஸ் வருகிறான். ஆமாம், ரோசன்பாமேதான். எரிந்துபோன லூதர் மாளிகையில் இருவரும் எதிரெதிரே நிற்கிற காட்சிக்காக மட்டுமே இந்த ஃபினாலேயைப் பார்க்கலாம். கோபம் இல்லை, கத்தல் இல்லை. உன்னை நாயகனாக்குவதே நான்தான் என்று எதிரி நண்பனிடம் ஏறக்குறைய அன்போடு சொல்கிறான். கொஞ்ச நேரம்தான். டெஸ்ஸைத் தழுவிக்கொண்டே குத்துகிறான், அவள் சாகும்போது அவன் முகத்தில் ஒரு நஞ்சைத் தடவிவிடுகிறாள், அவனுடைய நினைவெல்லாம் அழிந்துபோகிறது. காரணம் புரிகிறது. காமிக்ஸ் லெக்ஸுக்கு கிளார்க் யாரென்று தெரியாது, நம் லெக்ஸுக்குத் தெரியும். அந்த முடிச்சை அவிழ்க்காமல் அறுத்துவிட்டார்கள். ஏழு சீசன் கட்டிய நட்பை ஒரு தடவலில் துடைத்ததில் எனக்கும் வருத்தம்தான். ஆனால் அழிந்தது லெக்ஸுக்கு மட்டும். கிளார்க்குக்கு எல்லாம் நினைவிருக்கிறது. 2018-ல் லெக்ஸ் ஜனாதிபதியாகிறான் என்று கடைசியில் காட்டும்போது அதை யோசித்துப் பார்.

அப்புறம் அந்தத் தானியக் கிடங்கு. டார்க்ஸைட் அடித்த அடியில் கிளார்க் அங்கே வந்து விழுகிறான். பழைய எபிசோடுகள் எல்லாம் கண்முன் ஓடுகின்றன. எல்லாம் பயிற்சிதான் என்று அப்போதுதான் பிடிபடுகிறது அவனுக்கு. ஊரையும் பண்ணையையும் அப்பாவையும் உதறினால்தான் நாயகனாக முடியும் என்று சீசன் பாதி வரை நினைத்திருந்தானே, அது தலைகீழாகிறது. காற்றில் நிற்கிறான். பனிக்கோட்டையில் அந்த உடையை நீட்டுவது ஜோர்-எல் இல்லை, ஜோனதன். செத்துப்போன அப்பா. ஜான் ஷ்னைடர் அதிகம் பேசுவதில்லை. சுந்தர், உன் அப்பா போன வருஷம் இது உன் கையில் கிடைத்திருக்கக் கூடாதா என்று பலமுறை நினைத்திருக்கிறேன். நேரில் சொல்ல வாய் வரவில்லை.

இன்னொன்று: லோயிஸ் விமானத்தில் இருக்கிற காட்சியிலிருந்து சத்தத்தைக் கூட்டி வை. ஜான் வில்லியம்ஸ் 1978 படத்துக்குப் போட்ட அந்த இசை வருகிறது. இரண்டாம் சீசனில் கிறிஸ்டோபர் ரீவ் வந்த 'ரொசெட்டா'வில் கொஞ்சம் கேட்டோமே, அதே இசை. ரீவ் 2004-ல் போய்விட்டார். ஜன்னலுக்கு வெளியே அவனைப் பார்த்ததும் லோயிஸ் முகத்தில் வருகிற சிரிப்பை எரிகா டுரன்ஸ் எப்படிக் கொண்டுவந்தாரோ.

'சால்வேஷன்' இந்த ஞாயிறு, தினம் இரண்டு என்று போனால் அடுத்த வார இறுதிக்குள் ஃபினாலே வந்துவிடும். கிளார்க்கின் சக்தியைக் குலைக்கிற கிரிப்டோனைட், அந்தப் பச்சைக்கல் வருகிற இடங்களை எழுதி வைத்த உன் கணக்கு நோட்டை எடுத்து வைத்துக்கொள், இதில் நீலமும் தங்கமும் உண்டு. தங்கக் கல் சக்தியை ஒரேயடியாகப் பிடுங்கிவிடும். அது ஃபினாலேயில் யார் கையில், எந்த ரூபத்தில் வருகிறது என்று சொல்ல மாட்டேன். பார்த்த அன்றைக்கே எழுது. அந்தக் காட்சியில் ஆலிவர் செய்தது சரியா தப்பா என்று சேது ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். உன் ஓட்டு வேண்டும்.

அம்மாவிடம் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ரகு