ஆந்தையை ஆந்தையாகவே விடுங்கள்: ட்வின் பீக்ஸுக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். ட்வின் பீக்ஸ் தொடருக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதிக்கொண்டிருப்பவர்களுக்கும் இனி எழுத வருபவர்களுக்கும் இந்த மடல். டேவிட் லிஞ்ச்சும் மார்க் ஃப்ராஸ்ட்டும் உருவாக்கிய இந்தத் தொடர் 1990 ஏப்ரல் 8 அன்று அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கியது. வாஷிங்டன் மாநிலத்தில், கனடா எல்லையை ஒட்டிய மரம் அறுக்கும் சிற்றூர். நீர்க்கரையில் பிளாஸ்டிக்கில் சுற்றிக் கிடக்கிறது லாரா பால்மர் என்ற பள்ளி மாணவியின் உடல். இன்னும் பார்க்காதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் கொன்றது யார் என்பதை இங்கே எழுதவில்லை. எழுதாமல் இருப்பதுதான் நாங்கள் கேட்க வந்ததும்கூட.

எங்கள் கவலை இதுதான். ஆங்கிலம் சொல்லாமல் விடும் பலவற்றைத் தமிழ் சொல்லியே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும். ஆணா பெண்ணா, நீயா நீங்களா, அத்தை மகளா சித்தி மகளா என்று வினைமுற்றும் உறவுச்சொல்லும் நம்மைக் கேட்டுக்கொண்டே இருக்கும். மர்மத்தையே மூச்சாகக் கொண்ட ஒரு தொடரில் அந்தக் கேள்விக்கு நீங்கள் அவசரப்பட்டுச் சொல்லும் பதில் ஒவ்வொன்றும் ஒரு துப்பாகிவிடும்.

முதலில் கோப்பு வேலை. 1990, 91ஆம் ஆண்டுகளில் வந்தவை மொத்தம் 30 பகுதிகள். ஆனால் ரசிகர்கள் ‘பைலட்’ எனப்படும் நீளமான முதல் பகுதியை, அதாவது முதல் படத்தை, தனியாக வைத்து, அடுத்ததையே 1 என்று எண்ணி, கடைசியை 29 என்பார்கள். பல கோப்புகளில் முதல் படமே 1. இந்த ஒன்று தவறினால் முதல் பருவம் முழுக்க வசனம் ஒரு பகுதி தள்ளி ஓடும். இந்த மடலில் ரசிகர் கணக்கையே பின்பற்றுகிறோம். முதல் படத்திலும் இரண்டு வடிவம் உண்டு. ஐரோப்பாவுக்காகச் செய்த வடிவத்தில் கடைசியில் சுமார் 20 நிமிடம் கூடுதலாக, தனி முடிவோடு இருக்கும். அதற்கு எழுதிய கோப்பை அமெரிக்க வடிவத்தில் ஓட்டக் கூடாது. நொடிக்கு 25 சட்டகம் (ஃபிரேம்) ஓடும் பிரதியும் 23.976 ஓடும் பிரதியும் 4 சதவீதம் வேறுபடும். தொடக்கத்தில் எல்லாம் சரியாகத்தான் தெரியும், 94 நிமிடப் படம் முடியும்போது வரிகள் கிட்டத்தட்ட 4 நிமிடம் விலகியிருக்கும். எனவே முதல் வசனத்தையும் கடைசி வசனத்தையும் இரண்டையும் சரிபாருங்கள்.

வரியின் நீளத்திலும் ஒரு பொறி உண்டு. வரிக்கு 42 எழுத்து என்பது பழகிப்போன கணக்கு. ஆனால் மென்பொருள் தமிழ் எழுத்தை எண்ணுவதில்லை, எழுத்தின் உடலையும் அதில் சேரும் கால், கொம்பு, புள்ளியையும் தனித்தனிக் குறிகளாக எண்ணுகிறது. ‘பார்க்கிறேன்’ என்பது நமக்கு 6 எழுத்து, அதற்கு 12. அது சிவப்பு காட்டுகிறதே என்று வசனத்தை வெட்டிவிடாதீர்கள். வாய்விட்டுப் படித்துப் பார்த்து, அந்த நேரத்துக்குள் முடிகிறதா என்பதை வைத்து முடிவு செய்யுங்கள்.

இனி சிவப்பு அறை, அதாவது கொலையை விசாரிக்க வரும் எஃப்பிஐ அதிகாரி கூப்பர் கனவில் காணும் இடம். பகுதி 2இன் அந்தக் கனவில் நடிகர்கள் வசனத்தின் ஒலிகளைத் தலைகீழாக மனப்பாடம் செய்து பேச, அந்தப் பதிவைத் திருப்பி ஓட்டினார்கள். அதனால்தான் சொல் புரிந்தும் புரியாமலும், மூச்சு தவறான இடத்தில் விழுந்தும் கேட்கிறது. இதைக் காட்டத் தமிழ் எழுத்துகளைத் திருப்பிப் போட்டுப் பார்க்கத் தோன்றும். வேண்டாம். ‘லாரா’வைக் குறிகுறியாகத் திருப்பினால் முதலில் நிற்பது ஒரு துணைக்கால். பற்றிக்கொள்ள எழுத்து இல்லாமல் அது புள்ளி வட்டமாகத் திரையில் தொங்கும். மூலத்திலேயே அந்தக் காட்சிக்கு எளிய ஆங்கிலத்தில் வரி போட்டிருக்கிறார்கள். விசித்திரம் காதுக்கு, தெளிவு கண்ணுக்கு என்பதே அவர்கள் செய்த ஏற்பாடு. நீங்களும் எளிய தமிழில் எழுதி, ஆங்கில வரியோடு மோதாதபடி திரையின் மேல்பக்கத்தில் நிறுத்துங்கள்.

அதே கனவில் குள்ள மனிதர் லாராவின் சாயலில் இருக்கும் பெண்ணைக் காட்டித் தன் கசின் என்கிறார். அடுத்த பகுதியிலேயே லாராவின் கசின் மேடி ஊருக்கு வருகிறாள், இரண்டு பேராகவும் நடிப்பவர் ஷெரில் லீதான். இரண்டு இடத்திலும் அதே சொல் இருந்தால்தான் பார்ப்பவருக்குச் சிலிர்க்கும். ஓரிடத்தில் ‘ஒன்றுவிட்ட தங்கை’, இன்னோரிடத்தில் ‘அத்தை மகள்’ என்று போட்டால் நூல் அறுந்தது. அம்மா வழியா அப்பா வழியா என்பதை ஆங்கிலச் சொல் சொல்வதில்லை, நாமும் சொல்ல வேண்டாம். ‘கசின்’ நம் வீடுகளில் தினமும் புழங்கும் சொல்தான்.

இப்படித் திரும்பி வரும் வாக்கியங்களுக்குத் தனியாக ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். ‘The owls are not what they seem’ என்ற ஆந்தை வாக்கியத்தைப் பகுதி 8இல் கூப்பருக்குத் தோன்றும் ராட்சத மனிதர் சொல்கிறார். பகுதி 9இல் விமானப்படை அதிகாரி மேஜர் பிரிக்ஸ் கொண்டுவரும் அச்சுத்தாளில் அதே வாக்கியம் எழுத்து மாறாமல் நிற்கிறது. கூப்பர் திடுக்கிடுவது அதற்காகத்தான். கனவில் வரும் சூயிங்கம் வசனத்தைப் பகுதி 16இல் கிழட்டுப் பரிசாரகர் அப்படியே திரும்பச் சொல்வார். அங்கே ஒரு சொல் மாறினாலும் கூப்பருக்கு நினைவு திரும்பும் கணம் வீணாகிவிடும்.

ஆந்தை வாக்கியத்தை ‘ஆந்தைகள் வெறும் ஆந்தைகள் அல்ல’ என்று எழுதினால் விடை சொல்லிவிட்டோம். ‘ஆந்தைகள் தோன்றுவது போல் இல்லை’ என்றால் ஆந்தை பறந்து வரவில்லை என்று படும். ‘பார்வைக்குத் தெரிவது போன்றவை அல்ல, ஆந்தைகள்’ என்பது எங்கள் பரிந்துரை. ஆந்தை அலறினாலே கெட்ட சகுனம் என்று வளர்ந்த நமக்கு அதற்குமேல் அச்சமூட்டத் தேவையில்லை.

அதே ராட்சதர் சொல்லும் மற்ற இரண்டு துப்புகளிலும் தமிழுக்கே உரிய வில்லங்கம் இருக்கிறது. ஒன்று, சிரிக்கும் பைக்குள் ஒரு மனிதன். இந்தத் தொடர் முழுக்கக் கூப்பர் செர்ரி பை (pie, பழம் வைத்துச் சுட்ட பலகாரம்) சாப்பிட்டுக்கொண்டே இருப்பவர். தமிழ் எழுத்தில் இரண்டு பையும் ஒன்றே! சிரிக்கும் பை என்றதும் பலகாரம் நினைவுக்கு வந்தால் அந்தக் காட்சி பாழ். பலகாரத்துக்குப் ‘பை’யை விட்டுக்கொடுத்து, இதை ‘சிரிக்கும் உறை’ என்று எழுதலாம். மற்றது, ரசாயனம் இல்லாமல் அவன் சுட்டிக்காட்டுவது. ‘சுட்டுகிறான்’ என்று எழுதினால் வேகமாகப் படிக்கிற கண்ணுக்குச் ‘சுடுகிறான்’ என்றே தெரியும். அதுவும் 315ஆம் எண் அறையில் கூப்பர் துப்பாக்கிச் சூடு பட்டுத் தரையில் கிடக்கும் நேரம். ‘கைகாட்டுகிறான்’ என்று போட்டால் குழப்பமில்லை.

கனவில் ஒற்றைக் கை மனிதன் சொல்லும் பாட்டின் மூன்றாவது அடியை மந்திரம் ஓதுவதாகவும் (one chants out between two worlds) கேட்கலாம், ஒரு வாய்ப்பு (one chance) என்றும் கேட்கலாம். ரசிகர்கள் இன்றுவரை இரண்டையும் சொல்கிறார்கள். நல்லவேளையாக நம்மிடம் ‘வாய்’ இருக்கிறது: ஓதுவதும் அதுதான், வழியும் அதுதான், வாய்ப்பின் வேரும் அதுதான். ‘இரு உலகின் நடுவே ஒரு வாய் திறக்கும்’ என்று எழுதினால் இரண்டு பொருளும் உயிரோடு இருக்கும். கடைசி அடியில் (fire walk with me) மட்டும் ‘தீமிதி’யைத் தொட்டுவிடாதீர்கள். அந்தச் சொல் வந்தவுடன் நம் ஊர்த் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவும் மஞ்சள் துணியும் வந்து நின்றுவிடும், பிறகு வாஷிங்டன் காடு கலைந்துபோகும். ‘தீயே’ என்று விளித்தாலும் ஒரு பொருள்தான் மிஞ்சும். ‘தீ என்னோடு நட’ என்பது கரடுமுரடாக இருக்கிறது, மூலமும் அப்படித்தான்.

கொலையாளியைப் பற்றிய பேச்சில் ஆங்கிலம் ஆண்பால் சொன்னால் மட்டும் நீங்களும் சொல்லுங்கள். மற்ற இடங்களில் ‘கொன்றது யார்’, ‘நகத்துக்கு அடியில் எழுத்தை வைத்தது ஏன்’ என்ற வடிவம் போதும், இலக்கணமும் காட்டிக்கொடுக்காது. தாக்கப்பட்டவர்களின் நகத்தடியில் கிடைக்கும் அந்த எழுத்துகளை ‘ஆர்’, ‘டி’ என்று ஒலிப்படியே எழுதுங்கள். அவை சேர்ந்து ஒரு பெயரை நோக்கிப் போகின்றன.

கூப்பர் எல்லாரிடமும் நீங்கள் என்றே பேசட்டும், கடைசிப் பகுதியின் கடைசி நிமிடம் வரை. அங்கே திடீரென மரியாதையைக் குறைத்தால் அவருக்கு என்ன ஆனது என்பதை முகத்துக்கு முன்பே சப்டைட்டில் சொல்லிவிடும். தன் காதலி ஆனியைப் பற்றி அவர் அங்கே கேட்கும் கேள்வியை (How's Annie?) ‘ஆனிக்கு எப்படி இருக்கு?’ என்று போடுங்கள். அக்கறையாகக் கேட்கும்போதும் பொருந்தும், பின்னர் அதையே திரும்பத் திரும்பச் சொல்லும்போதும் பொருந்தும்.

காது மந்தமாகி எப்போதும் கத்திப் பேசும் கூப்பரின் மேலதிகாரி கார்டன் கோலுக்கு ஆங்கிலத்தில் பெரிய எழுத்து போடலாம், தமிழில் அந்த வசதி இல்லை. வாக்கியத்தைச் சிறிதாக உடைத்து, ஒவ்வொன்றின் முடிவிலும் வியப்புக்குறி இடுங்கள். டக்ளஸ் ஃபிர் மரங்களைத் தேவதாரு ஆக்காதீர்கள், கூப்பர் அந்த மரத்தின் பெயரைத்தான் ஆசையாகக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார். நிலவில்லாத நள்ளிரவைப் போல் கறுத்த காபி வேண்டும் என்று அவர் பீட்டிடம் கேட்கும் இடத்தில் மட்டும் தயங்க வேண்டாம். அமாவாசை இருட்டு நம்மிடம் தயாராக இருக்கிறது.

கோப்புகளை வரிசைப்படுத்தும்போது 1992இல் வந்த திரைப்படத்தை, கதையில் அது முன்னே நடந்தது என்பதற்காக முன்னே வைக்காதீர்கள். 30 பகுதி, பிறகு படம், பிறகு 2017இல் வந்த மூன்றாம் பருவத்தின் 18 பகுதி.

கடைசியாக, உங்கள் பெயர். உழைத்தவர் பெயர் கட்டாயம் இருக்க வேண்டும். ஆனால் வழக்கம்போல் இறுதி டைட்டிலின் மேல் போடாதீர்கள். பகுதி 29இன் இறுதி டைட்டில் முழுக்க ஒரு காபிக் கோப்பைதான், அதற்குள் லாராவின் முகம் தெரியும். 2017இல் பல பகுதிகள் ஊரின் மதுக்கூடமான ரோட்ஹவுஸ் மேடையில் பாட்டு ஓட ஓடவே முடிகின்றன. தொடக்க டைட்டிலில் ஸ்னோக்வால்மி அருவி கொட்டும்போது, திரையின் அடியில், 3 நொடி போடுங்கள். அங்கே பேச்சு கிடையாது, எல்லார் கண்ணும் திரையில்தான் இருக்கும்.

அன்புடன்,
தமிழில் ட்வின் பீக்ஸ் பார்க்கக் காத்திருக்கும் ரசிகர்கள்