ஒரு பக்கம் 45 நிமிஷம்: ரெக்கார்டிங் சென்டர் அண்ணாச்சிக்கு

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

என்னை உங்களுக்கு ஞாபகம் இருக்காது. 1988-இல் பாளையங்கோட்டையில் பி.எஸ்ஸி. படித்துக்கொண்டு, வாராவாரம் ஜங்ஷனில் உங்கள் ரெக்கார்டிங் சென்டர் படியேறி, ஒரு டிடிகே 90 கேசட்டையும் பதினெட்டு, இருபது பாட்டு எழுதிய நோட்டுத்தாளையும் நீட்டிய பையன்களில் நானும் ஒருவன். தாளை வாங்கிப் பார்த்ததும், "இத்தனையும் உள்ள போவாதுடே. ஒரு பக்கம் நாப்பத்தஞ்சு நிமிஷம்தான்" என்பீர்கள். பிறகு காதில் செருகியிருக்கும் பென்சிலை எடுத்து, ஒவ்வொரு பாட்டுக்கும் எதிரே நேரத்தை எழுதிக் கூட்ட ஆரம்பிப்பீர்கள்.

பாட்டு பாதியில் அறுபடக் கூடாது என்பது உங்கள் கடைச் சட்டம். மற்ற கடைகளில் டேப் தீர்ந்தால் பல்லவியோடு தொங்கும். மீதி மறுபக்கத்திலும் இருக்காது. உங்களிடம் அது நடக்காது. மூன்று நிமிஷம் மிஞ்சினால் மூன்று நிமிஷத்துக்குள் அடங்குகிற பாட்டாகத் தேடி நீங்களே போட்டுவிடுவீர்கள். நான் கேட்காமலே அப்படி வந்து சேர்ந்த பாட்டுகளைத்தான் இன்றும் குளிக்கும்போது முணுமுணுக்கிறேன். என் மனைவிக்கு அது தெரியும், காரணம் தெரியாது.

போன வருஷம் ஜங்ஷன் பக்கம் வந்தேன். உங்கள் கடை இருந்த இடத்தில் செல்போன் கவர் தொங்குகிறது. பக்கத்தில் விசாரித்தேன், ஆளுக்கொரு ஊர் சொன்னார்கள். முகவரி இல்லாத கடிதத்தை எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதிப் போட்டால் யாராவது உங்களிடம் சேர்ப்பார்கள் என்று ஒரு நப்பாசை.

எழுதக் காரணம் சர்க்கரை. கோயம்புத்தூரில் டாக்டர் தினமும் 45 நிமிஷம் நடக்கச் சொன்னார். அவர் சொன்ன எண்ணைக் கேட்டதும் எனக்கு உங்கள் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன், அவருக்குக் கோபம். ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் வெறுமனே நடக்க அலுத்ததால் மகள் போனில் ஒரு பட்டியல் ஏற்றிக் கொடுத்தாள். உலகத்தில் எல்லாரும் கொண்டாடுகிற ஆல்பங்களாம். நிபந்தனை ஒன்றுதான்: முதல் பாட்டில் ஆரம்பித்து வரிசை மாறாமல் கடைசி வரை கேட்க வேண்டும், நடுவில் தாண்டக் கூடாது. நமக்கு ஆல்பம் என்றால் கல்யாண போட்டோ ஆல்பம்தானே அண்ணாச்சி! பாட்டைப் பொறுக்கியெடுத்துத்தான் நமக்குப் பழக்கம். முப்பது, நாற்பது நிமிஷம் ஒருவர் அடுக்கிய வரிசையிலேயே போய்வருவது எனக்கு ஐம்பத்தைந்து வயதில் புதிது.

முதலில் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'. 1959-இல் வந்த ஜாஸ். ஐந்தே உருப்படி, மொத்தம் 45 நிமிஷம் 44 விநாடி. உங்கள் பென்சில் இருந்திருந்தால் முகம் சுளித்திருக்கும். ஆனால் 'டிடிகேல ஒரு நிமிஷம் சும்மா கூட விட்டிருப்பான், போட்டுப் பாப்போம்' என்றும் சொல்லியிருப்பீர்கள். டிரம்பெட் என்றால் எனக்குக் கல்யாண ஊர்வல பேண்டு வாத்தியம். இதில் மைல்ஸ் ஊதுவது ஒரு சுரம், பிறகு ஒரு இடைவெளி, அந்த இடைவெளியில் பாஸ் கிதார் மாதிரி ஒன்று நடந்துபோகிறது (அது கிதார் இல்லை, ஆளுயர டபுள் பாஸ் என்று பிறகு தெரிந்தது). கார்டுகள் (ஒரே நேரத்தில் சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டங்கள்) மளமளவென்று மாறாமல் ஒரு ஸ்கேலிலேயே, அதாவது ஒரே சுர வரிசையிலேயே, நெடுநேரம் உட்கார்ந்து ஆராய்கிறார்கள். ராக ஆலாபனை கேட்டுப் பழகிய காதுக்கு இதில் வழி தெரியாமல் போகாது.

உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம் வேறு. இந்த ஆல்பத்தின் முதல் பக்கம், மூன்று உருப்படிகளும், முப்பது வருஷத்துக்கும் மேலாகத் தப்பான சுருதியில் விற்றிருக்கிறது! மார்ச் 2-ஆம் தேதி பதிவின்போது பிரதான டேப் மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடிய மெஷினில் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சுருதி ஏறிவிடும். கூடவே ஓடிய இன்னொரு மெஷின் ஒழுங்காக ஓடியதால், அதிலிருந்த டேப்பை எடுத்து 1992-இல்தான் திருத்தினார்கள். வோல்டேஜ் இறங்குகிற சாயங்காலங்களில் டெக்கை நிறுத்திவிட்டு, "இப்ப பதிஞ்சா நாளைக்கு கீச்சுக்கீச்சுன்னு பாடும், ஏழு மணிக்கு மேல வா" என்று என்னைத் துரத்திவிட்டீர்களே, ஞாபகமிருக்கிறதா? நியூயார்க்கில் கொலம்பியா கம்பெனி ஸ்டூடியோவில் அப்படிச் சொல்ல ஓர் அண்ணாச்சி இல்லாமல் போய்விட்டார்.

அந்த ஸ்டூடியோ முன்பு தேவாலயமாக இருந்த கட்டடம். 30-ஆம் தெருவில் இருந்தது. அதே கூடத்தில் அதற்கு நாலு வருஷம் முன்பு, 1955 ஜூனில், க்ளென் கூல்ட் என்ற 22 வயசுப் பையன் பியானோவில் பாக் என்ற பழைய ஜெர்மன் இசைமேதையின் 'கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்' வாசித்திருக்கிறான். பட்டியலில் அடுத்து அதுதான். ஒரு மெட்டு, அதிலிருந்து கிளைத்த முப்பது மாறுதல்கள், கடைசியில் மறுபடி அதே மெட்டு. நடந்துகொண்டே கேட்கிறேன், பின்னால் யாரோ சுருதி சேராமல் முனகிக்கொண்டு வருகிறார்கள். திரும்பிப் பார்த்தேன், யாருமில்லை. நின்றேன், முனகல் நிற்கவில்லை. கூல்ட்தான்! வாசிக்கும்போதெல்லாம் கூடவே பாடுவாராம், பதிவு செய்கிறவர்களால் கடைசிவரை அவர் வாயை அடைக்க முடியவில்லை.

இதையே அவர் 1981-இல் அதே கூடத்தில் மறுபடி வாசித்தார். முதலில் வாசித்தது முப்பத்தெட்டரை நிமிஷம், இரண்டாவது 51 நிமிஷம். அதே சுரங்கள்தான். முதலாவதில் பையன் பாடம் முழுக்கத் தெரியும் என்று ஓடுகிறான். இரண்டாவதில் வரும் ஆரம்ப மெட்டை எந்த நேரமும் நின்றுவிடும்போல வாசிக்கிறார். அதைக் கேட்டுக்கொண்டு என்னால் நடக்க முடியவில்லை, ஓரமாகப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். 1982 அக்டோபரில், ஐம்பது வயதில் அவர் இறந்துபோனார். இரண்டில் எது என்று கேட்டால் எனக்கு இரண்டாவதுதான், ஆனால் 51 நிமிஷம் உங்கள் கேசட்டின் ஒரு பக்கத்துக்குள் போகாது.

பிங்க் ஃப்ளாய்ட் என்ற ராக் குழுவின் 'டார்க் சைட் ஆஃப் தி மூன்' (1973) கேட்டபோது, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் மூச்சுவிட இடமில்லாததைக் கண்டு பயந்தேன். ஒன்று முடிவதற்குள் அடுத்தது முளைக்கிறது. இதிலிருந்து நாலு பாட்டு எடுத்துப் போடச் சொல்லி ஒருவன் தாளை நீட்டினால் நீங்கள் எங்கே வெட்டுவீர்கள்? இரண்டாம் பக்கம் காசு பற்றிய பாட்டில் ஆரம்பிக்கிறது. சில்லறை சிந்தும் சத்தம், காகிதம் கிழியும் சத்தம், கல்லாப்பெட்டி திறக்கும் சத்தம் எல்லாம் தாளத்தில் வருகின்றன. ஒவ்வொரு சத்தத்தையும் தனித்தனியாகப் பதிந்து, டேப்பை ஸ்கேல் வைத்து ஒரே நீளத்துக்கு அளந்து வெட்டி, ஒட்டி, வளையமாகச் சுற்றவிட்டிருக்கிறார்கள். அறுந்த டேப்பை நீங்கள் பிளேடும் செலோடேப்புமாக ஒட்டித் தருவதை அரை மணி நேரம் நின்று பார்த்தவன் நான். அதனால் பாட்டைவிட அந்த வெட்டு எனக்குப் பிடித்தது. ஏழு எண்ணிக்கைத் தாளம், நம் மிஸ்ர சாபுக் கணக்கு. இதற்கு நடந்துதான் பாருங்களேன்: ஓர் ஆவர்த்தம் வலதுகாலில் ஆரம்பித்தால் அடுத்தது இடதுகாலில் ஆரம்பிக்கும். எதிரே வந்த அம்மா ஒருவர் எனக்குத் தலைசுற்றுகிறது என்று நினைத்து ஒதுங்கிப் போனார்.

முதல் பக்கக் கடைசியில் ஒரு பெண் வார்த்தையே இல்லாமல் கதறுகிறார். க்ளேர் டோரி. முப்பது பவுண்டு சம்பளத்துக்கு வந்து பாடிவிட்டுப் போனவர். பல வருஷம் கழித்து வழக்குப் போட்டு, 2005-இல்தான் இசையமைப்பில் தன் பெயரையும் சேர்க்க வைத்தார். நம் கேசட் அட்டைகளில் ஹம்மிங் பாடியவர்களுக்கு எங்கே பெயர் இருந்தது?

எல்லாமே பிடித்தது என்று பொய் சொல்ல மாட்டேன். கேப்டன் பீஃப்ஹார்ட்டின் 'ட்ரௌட் மாஸ்க் ரெப்ளிகா' என்று ஒன்று. 28 பாட்டு, 79 நிமிஷம். பஸ் ஸ்டாண்டில் நாலு டீக்கடை ரேடியோவும் நாலு ஸ்டேஷனில் அலறுகிற மாதிரி இருந்தது. பெரிய பெரிய ஆட்களெல்லாம் மேதைமை என்கிறார்கள், இருக்கட்டும். நிபந்தனைக்குக் கட்டுப்பட்டு முழுசும் கேட்டேன், அன்று சர்க்கரை நன்றாகக் குறைந்திருக்கும்.

நாஸ் என்பவரின் 'இல்மேட்டிக்' (1994) நாற்பது நிமிஷத்துக்குள் முடிந்துவிட்டது. ராப். பத்தில் எட்டு வார்த்தை புரியவில்லை. ஆனால் ஓர் ஆள் தன் தெருவைப் பற்றிக் கதை சொல்கிறான், எங்கே நிறுத்த வேண்டும், எங்கே வேகம் எடுக்க வேண்டும் என்று தெரிந்து சொல்கிறான் என்பது புரிந்தது. நம் ஊர்க் கொடை விழாவில் வில்லுப்பாட்டுக்காரர் கதைக்குள் இறங்கிவிட்டால் சிறுபிள்ளைகளுக்கும் தூக்கம் வராதே, அந்தப் பிடி. மூன்றாவது பாட்டின் முடிவில் தனியாக ஒரு காற்றுவாத்தியம் வந்து போகிறது. அவருடைய அப்பா வாசித்த கார்னெட் அது. இருபது வயசுப் பையன் தெருவின் கதையைச் சொல்லி நிறுத்தியதும் அப்பா வந்து வார்த்தையில்லாமல் ஏதோ சொல்லிவிட்டுப் போகிறார். வீட்டுக்கு வந்து பாட்டு வரிகளைத் தேடிப் படித்தேன், படிக்காமல் இருந்திருக்கலாம். எனக்குள் இருந்த கதை இன்னும் நன்றாக இருந்தது.

கியூபாக் கிழவர்களின் 'பூயெனா விஸ்டா சோஷியல் க்ளப்' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, கேட்டாலே சந்தோஷம். ஷூ பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த இப்ராஹிம் ஃபெரரைத் தேடிக் கூட்டிவந்து பாடவைத்தார்கள். நீங்கள் ஞாபகத்துக்கு வந்தீர்கள், ஏன் என்று எழுத மாட்டேன்.

இதற்கிடையில் ஓர் ஆச்சரியம். ஆலிஸ் கோல்ட்ரேன் என்ற அம்மாவின் 'ஜர்னி இன் சச்சிதானந்தா' (1971). தம்புராவில் ஆரம்பிக்கிறது, அதன்மேல் டபுள் பாஸ், அதன்மேல் ஹார்ப் (நம் யாழ் மாதிரி ஒரு வாத்தியம்) தண்ணீர் மாதிரி கொட்டுகிறது. கணவர் ஜான் கோல்ட்ரேன் 1967-இல் இறந்த துக்கத்தில் இருந்தவருக்குக் குருவாக அமைந்தவர்தான் அந்த சச்சிதானந்தர். அவர் பிறந்த ஊர் எது தெரியுமா? நான் தினமும் வேலைக்குப் போகிற வழியில் இருக்கிற செட்டிபாளையம்! பதினைந்து வருஷமாக லாரிக்குப் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு போகிற ரோடு. மறுநாள் காரில் அதைப் போட்டுக்கொண்டு போனேன். ரோடு அப்படியேதான் இருந்தது. நான் மட்டும் ஹாரன் அடிக்கவில்லை.

அண்ணாச்சி, இவற்றையெல்லாம் கேட்கக் கேட்க மனசு ஒரே இடத்துக்குத்தான் திரும்பத் திரும்பப் போகிறது. அப்போது இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்' வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பித்த கேசட். நான் அதிலிருந்து இரண்டே இரண்டு உருப்படி மட்டும் எடுத்து, சினிமாப் பாட்டுகளுக்கு நடுவில் போடச் சொல்லித் தாள் நீட்டினேன். நீங்கள் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள். அட்டையைக் காட்டி, "இங்க பாரு, ஒரு பாட்டுக்குப் பேரு 'என் வீட்டில் பாக்கைச் சந்தித்தேன்'னு இருக்கு. அடுத்த பாட்டுக்குப் பேரு என்ன? 'நாங்க பேசிக்கிட்டோம்.' ரெண்டும் சேர்ந்து ஒரே வாக்கியம்டே. நடுவுல நீ டூயட்டக் கொண்டு சொருகச் சொல்லுத. முழுசாப் பதியுறதுன்னா பதியுதேன், இல்லன்னா வேற கடையப் பாரு" என்றீர்கள்.

முழுசாகவே பதிந்து கொடுத்தீர்கள். வீட்டில் போட்டுக் கேட்டால் கடைசியில் சில நிமிஷம் டேப் வெறுமனே ஓடியது. 'ஸ்ஸ்ஸ்' என்று இரைச்சல் மட்டும். வழக்கமாக அந்த இடத்தை நிரப்பித் தருகிற அண்ணாச்சி மறந்துவிட்டார் என்று மறுநாளே வந்து சண்டை போட்டேன், காசு கொடுத்து வாங்கிய டேப் வீணாகிவிட்டதே என்று. "அதுக்கப்புறம் என்னத்தடே போட?" என்று கேட்டீர்கள். எனக்குப் பதினெட்டு வயசு. என்னத்தையாவது போடலாமே என்றேன்.

போன வாரம் ஜான் கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்' கேட்டேன். 1964 டிசம்பரில் ஒரே நாளில் பதிந்தது, நாலு பகுதி. கடைசிப் பகுதியில் அவர் கடவுளுக்குத் தான் எழுதிய கவிதையை சாக்ஸபோனில் வாசிக்கிறார். வாசிக்கிறார் என்றால், அசைக்கு அசை, சொல்லுக்குச் சொல், வாயால் சொல்லாமல் வாத்தியத்தால் படிக்கிறார். மகள் அந்தக் கவிதையைப் போனில் எடுத்துத் தந்தாள். ரேஸ்கோர்ஸ் பெஞ்சில் உட்கார்ந்து விரல் வைத்துக் கூடவே படித்தேன், பொருந்தி வருகிறது. காருகுறிச்சி அருணாசலம் வாசித்தால் நாகஸ்வரத்தில் சாகித்தியம் கேட்கும் என்று சொல்வீர்களே, அதை நான் பெரியவர்கள் வழக்கமாகச் சொல்வது என்றுதான் அன்று எடுத்துக்கொண்டேன்.

33 நிமிஷத்தில் முடிந்துவிட்டது. டாக்டர் கணக்கில் இன்னும் 12 நிமிஷம் நடக்க வேண்டும். முடிந்த அடுத்த விநாடியே போன் தானாக வேறு யாருடைய பாட்டையோ எடுத்துப் போட்டது. எனக்கு வந்த கோபத்தில் அந்த வசதியை எங்கே அணைப்பது என்று தேடி அணைத்தேன். ஹெட்போனைக் காதிலிருந்து எடுக்காமல், சத்தம் எதுவும் இல்லாமல், மீதி 12 நிமிஷமும் நடந்தேன். உங்கள் டேப்பின் 'ஸ்ஸ்ஸ்' மட்டும்தான் இல்லை.

இப்படிக்கு,
நோட்டுத்தாளில் இருபது பாட்டு எழுதி வந்தவன்