மாஸ்டருக்கு, இல்லாத ஒரு கையைப் பற்றி

அன்புள்ள மாஸ்டர்,

இன்று ஜனவரி 14. 1506-இல் ரோமில் ஒரு திராட்சைத் தோட்டத்து மண்ணிலிருந்து, பாம்புகள் சுற்றிய லாவோகூன் பளிங்குச் சிலை வலக்கை இல்லாமல் வெளிவந்த நாள். முன்கதை உங்களுக்கு எதற்கு? முடிவை மட்டும் சொல்லிவிடுகிறேன்: இனி என் மாணவர்கள் அந்தச் சிலையின் வார்ப்பு நகலில் இல்லாத வலக்கையையும் வரைவார்கள்.

இல்லாததை வரையாதே, உடைந்த இடத்தோடு நிறுத்து என்பது உங்கள் கட்சி. உங்களுக்குக் கோபம் வரும், தெரியும். உங்களை மீற வேண்டும் என்று செய்யவில்லை. மனசு நோகும் என்றால் மன்னியுங்கள். ஆனால் நான் அந்தக் கையை வரைந்த அன்றைக்கு நீங்கள் பேசியதும் சின்னப் பேச்சு இல்லை. நாலு பேர் படிக்கிற இடம், அதை இங்கே எழுதவில்லை.

எழுத முடிந்தது இதுதான். வரைகிற சிவப்புச் சாக் கட்டியை உளிமுனை மாதிரிச் சீவினீர்கள். தோள் உடைந்த இடத்தில் கோடு போடவில்லை. சாக்கின் பக்கவாட்டை வைத்து நிழலை ஏற்றினீர்கள், ஓரத்தில் மட்டும் முனையை எச்சில் தொட்டு ஒரு அழுத்தம். என் தாளில் பொம்மைத் தோளாக இருந்தது கல்லாகிவிட்டது. விரலால் தேய்க்கப் போன என் கையைத் தட்டிவிட்டீர்கள். தேய்த்தால் காவித்தூள் காகித இழைக்குள் இறங்கிவிடும், ரொட்டித்துணுக்கால் ஒற்றினாலும் இளஞ்சிவப்புக் கறை நிற்கும். அந்தத் தட்டலுக்கு இன்றும் நன்றி.

உங்கள் கட்சிக்குச் சாட்சி உண்டு. 1530-களில் டச்சு ஓவியர் ஹேம்ஸ்கெர்க், பெல்வெடேர் உடற்சிலை என்ற உடைந்த பழைய சிலையை அது மல்லாந்து கிடந்தபடியே வரைந்தார், தலையும் இல்லை, கைகளும் இல்லை. லாவோகூனுக்கோ 1532-இல் சிற்பி மொன்டோர்சோலி புதுக் கையை மேலே நீட்டி வைத்தார். பின்னால் வந்தவர்கள் அதையே பார்த்து வரைந்தார்கள். 1906-இல் தொல்பொருள் அறிஞர் லுட்விக் போலாக் கண்டெடுத்த அசல் கையோ மடங்கியிருந்தது. ஊகத்தை நிஜமென்று வரைந்தால் இதுதான் கதி. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ரோமின் குயிரினால் குன்றிலுள்ள குதிரைச் சிலையை ரஃபேல் வரைந்த படத்தை நீங்கள்தானே காட்டினீர்கள்? அடியில் எழுத்தாணிக் கீறல், மேலே சிவப்புச் சாக், அளவுகள் பேனா மையில். உருவம் ஒரு பொருளில், கணக்கு இன்னொன்றில். அதைத்தான் நான் எடுத்துக்கொண்டேன். கண்டது சாக்கில். ஊகித்த கை மையில், அதுவும் தனித்தாளில். கழுத்தும் விலாவும் எந்தப் பக்கம் இழுக்கின்றன என்று தொடர்ந்து போய்க் கையை வைக்க வேண்டும். தப்பாகத்தான் வரும் பலருக்கு. தப்பாக வந்தவர்கள் திரும்பத் தோளைப் பார்க்கப் போகிறார்கள், சும்மா நிறுத்தியவர்கள் போவதில்லை. மாசிக்காய் மை மட்டும் வேண்டாம் என்று வைத்திருக்கிறேன்; கெட்டியாகத் தேங்கிய இடத்தில் வருஷங்கள் போகப் போகக் காகிதத்தை அரித்துவிடும்.

என் தாளைக் கிழித்தீர்களே மாஸ்டர், அதில் கை மடங்கித்தான் இருந்தது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மாணவர்களின் இரண்டு கட்டுத் தாள்களையும் உங்களுக்கு அனுப்புகிறேன். சாக் தாள்களுக்கு நடுவே மெழுகுத்தாள் வைத்திருக்கிறேன், உருவும்போது இழுக்காமல் தூக்கி எடுங்கள்.