விசில் ஊதிக்கொண்டு எங்கள் தெருவுக்குள் வந்தவர்களுக்கு

அன்புள்ள அக்காமார்களே, அண்ணன்மார்களே, தம்பி தங்கைகளே,

ராயபுரத்தில் ஒரு ஆட்டோ நுழைந்தால் எதிரே சைக்கிள் வர முடியாத குறுகல் தெரு எங்களுடையது. உங்களுக்குத் தெரியாததா? எங்கள் வாசல்படி ஒவ்வொன்றும் உங்களுக்கு மனப்பாடம். எழுதுகிற கை என்னுடையது என்றாலும் சொல்லச் சொன்னது தெருவே கூடி. மாடி வீட்டுக்காரர்கள், ஒண்டுக்குடித்தனத்தில் இருப்பவர்கள், மளிகைக்கடை அண்ணாச்சி, காசிமேட்டில் மீன்பிடி போட்டுக்குப் போகிற குடும்பங்கள் என்று ஆளாளுக்கு வந்து "இதையும் எழுது, அதையும் எழுது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். முடிந்தவரை எல்லாவற்றையும் சேர்த்திருக்கிறேன்.

இந்த 2020 ஜூலை 6 முதல் சென்னையில் கொரோனா ஊரடங்கைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறார்கள். தெருமுனையில் அடித்திருந்த தகரத்தைக் கழற்றியாச்சு. டீக்கடையில் பார்சல் கிடைக்கிறது. நோய் இன்னும் போகவில்லை என்பது எங்களுக்கும் தெரியும். ஆனாலும் மூச்சுவிட இந்த இடைவெளி கிடைத்திருக்கும்போதே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட நினைக்கிறோம்.

மே, ஜூன் மாதங்கள் எப்படி இருந்தன என்று வெளியே இருப்பவர்களுக்குச் சொல்வது கஷ்டம். மாநகராட்சியின் 15 மண்டலங்களில் எங்களுடையது ஐந்தாவது. தினமும் மண்டல வாரியாகத் தொற்றுக் கணக்கு வரும்போது பல நாள் ராயபுரம்தான் முதலில் நின்றது. ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் போன் போட்டு அழுதார்கள். இடைவெளி விட்டு இருங்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர், நாலு குடும்பத்துக்கு ஒரே கக்கூஸ், ஒரே குழாயடி. இதில் எங்கே போய் இடைவெளி விடுவது? ஊரே எங்கள் பக்கம் வரப் பயந்த அந்த நாட்களில், தினமும் காலையில் விசில் ஊதிக்கொண்டு உள்ளே வந்தவர்கள் நீங்கள்.

முதல் நன்றி தூய்மைப் பணியாளர்களுக்கு. இந்தக் கடிதத்தில் பாதி உங்களுக்குத்தான்.

மின்சார ரயில் இல்லை, பஸ் இல்லை. காலையில் மஸ்டரில், அதாவது வருகைப் பதிவில், கையெழுத்துப் போடுவதற்காக வியாசர்பாடியிலிருந்து இருட்டோடு கிளம்பி நடந்தே வந்ததாக ஒரு அக்கா சொன்னார். குடிசையை எடுத்துவிட்டுக் கண்ணகி நகருக்கு அனுப்பப்பட்ட குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு அக்கா, கிடைத்த வண்டியில் நின்றுகொண்டே ஊரைக் கடந்து வந்தார். வந்ததும் ஓய்வா கிடைத்தது? குப்பை அள்ளி, சாக்கடை ஓரமெல்லாம் பிளீச்சிங் பவுடர் போட்டு, மருந்து அடித்து, யாருக்காவது தொற்று உறுதியானால் அந்த வீட்டுக்கு மறுபடியும் வந்து மருந்து அடித்தீர்கள். தனிமைப்படுத்தப்பட்ட வீடு என்று ஸ்டிக்கர் ஒட்டிய வீட்டின் வாசலில் நாங்கள் யாரும் நிற்கத் துணியாதபோது, கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு அங்கே போய் நின்றது நீங்கள்தான்.

மார்ச் 22 ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு உங்களைப் போன்ற பணியாளர்களுக்கு நன்றி சொல்ல நாடு முழுக்கக் கைதட்டியபோது நாங்களும் தட்டினோம். பிள்ளைகள் தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினார்கள். ஆனால் உங்கள் வேலை மதியத்தோடு முடிந்துவிடும். யாருக்காகத் தட்டினோமோ அவர்கள் அந்த நேரத்தில் தெருவில் இல்லை. அதனால் ஏப்ரலில் ஒரு நாள் காலையில், நீங்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும் நேரத்தில் இன்னொரு தடவை தட்டுவது என்று எதிர்வீட்டு அக்கா ஏற்பாடு செய்தார். வாசலுக்கு வாசல் கோலம் போட்டோம். பிள்ளைகள் அட்டையில் எழுதிப் பிடித்தார்கள். அவரவர் வாசலில் நின்றபடியே தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் தட்டினோம்.

கைதட்டல் அடங்கியதும் உங்களில் மூத்த அக்கா முகக்கவசத்துக்கு மேலே கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னதை நாங்கள் யாரும் மறக்கவில்லை: "சந்தோசமா இருக்கும்மா. குடிக்கக் கொஞ்சம் தண்ணியும், அவசரத்துக்குப் போக ஒரு எடமும் குடுத்தீங்கன்னா இன்னும் நல்லா இருக்கும்."

மற்ற நாளில் டீக்கடை இருக்கும், ஓட்டல் இருக்கும், தெரிந்த வீடு இருக்கும். ஊரடங்கில் எல்லாம் மூடிக்கிடந்தன. காலை ஆறு மணியிலிருந்து மதியம் வரைக்கும் பெண்கள் போக ஒரு இடம் கிடையாது. அதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறீர்கள், சித்திரை வெயிலில்! அந்த அக்கா வாயைத் திறந்து கேட்டதற்காகவே அவருக்குத் தனியாக ஒரு நன்றி. அவர் கேட்கவில்லை என்றால் நாங்கள் மாலை வாங்குவதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்திருப்போம்.

அன்று சாயங்காலமே பேசி முடித்தோம். சிலர் பயப்பட்டார்கள், அது இயல்புதான். சந்துப் பக்கம் கதவு வைத்த கழிவறை ஒரு வீட்டில் இருந்தது, வீட்டுக்குள் வராமலே போய்வரலாம். சாவி அண்ணாச்சி கடையில். வாளி, சோப்பு, பினாயில் செலவு தெருவுக்குப் பொது. திண்ணையில் தண்ணீர் கேனும் டம்ளரும். பத்து மணிக்கு டீ, வீடு மாற்றி வீடு. உங்களோடு தினமும் நின்று பேச ஆரம்பித்தது அந்த டீயால்தான். அதற்கு முன்னால் உங்களில் ஒருவர் பெயர்கூட எங்களில் பலருக்குத் தெரியாது. இப்போது யார் வீட்டுப் பிள்ளை பத்தாவது பரீட்சை ரத்தானதில் குதித்தான் என்பது வரை தெரியும்.

இன்னொன்றையும் உங்களிடம் கற்றுக்கொண்டோம். போட்டுக் கழற்றிய முகக்கவசத்தை அப்படியே குப்பையில் எறிந்தால் அதை நீங்கள் கையால் பொறுக்க வேண்டியிருக்கிறது என்று மேஸ்திரி அண்ணன் விளக்கினார். அதற்கப்புறம் கழற்றிய முகக்கவசத்தை வெட்டி, காகிதப் பையில் போட்டு, 72 மணி நேரம் தனியே வைத்திருந்து கொடுக்கிறோம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே சொன்ன முறைதான் அது. தனிமையில் இருந்த வீடுகள் மஞ்சள் பையில் கட்டித் தனியாக வைத்தன. பிள்ளைகள்தான் இதில் ரொம்பக் கறார். தாத்தா பாட்டி தப்புப் பண்ணினால் விடுவதில்லை.

அடுத்து, வீடு வீடாகக் காய்ச்சல் கணக்கெடுக்க வந்த களப்பணியாளர்களுக்கு.

"யாருக்காவது காய்ச்சல், இருமல், சளி இருக்கா? மூச்சு வாங்குதா? சர்க்கரை, பி.பி. இருக்கா?" தினமும் இதே கேள்வி, இதே சிரிப்பு. கல்லூரி முடித்த பிள்ளைகளும், இருந்த வேலை ஊரடங்கில் போய்விட்டவர்களும்தான் உங்களில் நிறையப் பேர். உள்ளே இருந்தபடியே "ஒண்ணுமில்ல, போ" என்று கத்திய வீடுகளும் இருந்தன. நீங்கள் கோபப்படவில்லை. கதவைத் திறக்கும் வரை நின்றீர்கள். கடைசி வீட்டுத் தாத்தா தனக்கு ஒன்றுமில்லை என்று சொன்னபோது, வாக்கியத்தின் நடுவே அவர் மூச்சுக்காக நிறுத்தியதைக் கவனித்தது நோட்டுப் புத்தகத்தோடு வந்த அந்தத் தங்கச்சிதான். வீட்டில் இருந்த நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. அன்றைக்கே 108 ஆம்புலன்ஸ் வந்தது. தாத்தா இன்று திண்ணையில் உட்கார்ந்து கபசுரக் குடிநீர் கசக்கிறது என்று திட்டிக்கொண்டிருக்கிறார். அம்மா, தங்கச்சி, இந்த வீட்டில் உனக்கு எப்போதும் ஒரு இலை உண்டு என்று அவர் மருமகள் சொல்லச் சொன்னார்.

அந்த 108-ஐ ஓட்டி வந்த பைலட் அண்ணனுக்கும், வண்டியில் மருத்துவ உதவி செய்த இ.எம்.டி. தம்பிக்கும் நன்றி. வண்டி தெருவுக்குள் வராது. ஸ்ட்ரெச்சரைத் தெருமுனையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தீர்கள். அந்தக் கவச உடைக்குள் ஜூன் வெயிலில் என்ன பாடுபட்டிருப்பீர்கள் என்பது, உடை நனைந்து ஒட்டியிருந்ததைப் பார்த்தாலே புரிந்தது. ஏறும்போது தாத்தா பயந்து கையைப் பிடித்துக்கொண்டார். நீங்கள் அந்தக் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

ஸ்டான்லி ஆஸ்பத்திரி எங்களுக்குத் தாத்தா காலத்திலிருந்து பழக்கம். காய்ச்சலோ வெட்டுக்காயமோ, முதலில் அங்கேதான் ஓடுவோம். இந்த நோயிலும் அதுதான் தாங்கியது. வார்டில் உறவினர் யாரும் கூட இருக்க முடியாத நிலையில், செவிலியர்களே தங்கள் போனில் வீட்டோடு பேச வைத்தார்கள். பணி முடிந்தும் நேரே பிள்ளைகளிடம் போக முடியாமல் தனிமையில் தங்கினார்கள். ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரியில் எங்கள் தெருப் பெண்ணுக்கு ஜூன் மாதம் பிரசவம். அவளுக்குத் தொற்று இருந்தது. குழந்தைக்கு இல்லை. பெற்ற தாய்கூடப் பக்கத்தில் நிற்க முடியாத நேரத்தில் "நான் இருக்கேன் கண்ணு, முக்கு" என்று சொன்ன செவிலியர் அம்மாவின் முகத்தை அவள் பார்த்ததே இல்லை. கவசத்துக்குள் கண் மட்டும்தான் தெரிந்ததாம். இந்த மடலைப் படிக்கிறவர்களில் அந்த அம்மா இருந்தால், குழந்தை நலம், எடை கூடியிருக்கிறது.

மருத்துவர்களுக்கு நன்றி சொல்லும்போது ஏப்ரல் 19-ஐத் தாண்டிப் போக முடியவில்லை. நரம்பியல் அறுவை சிகிச்சை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் இந்தத் தொற்றால் இறந்தபோது, இதே சென்னையில் அவரைப் புதைக்கவிடாமல் ஒரு கும்பல் கல்லாலும் கட்டையாலும் அடித்தது. ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள் ரத்தம் சொட்டத் திரும்பினார்கள். நண்பர் மருத்துவர் பிரதீப் குமார் ஆஸ்பத்திரி ஊழியர்களோடு அந்த இரவிலேயே மறுபடியும் போய், தன் கையாலேயே மண்ணள்ளிப் போட்டு அடக்கம் செய்தார். அந்தச் செய்தியைப் படித்த அன்று எங்கள் தெருவில் பல வீட்டில் அடுப்பு எரியவில்லை. மே 3 அன்று விமானப்படை ஹெலிகாப்டர்கள் ஆஸ்பத்திரிகள் மேல் பூத்தூவியதைப் பார்த்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு மருத்துவருக்குக் கடைசியாக ஆறடி மண் மறுக்கப்பட்ட ஊரில் அந்தப் பூ மட்டும் போதாது என்று எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் சொன்னார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அதனால்தான் மயானப் பணியாளர்களைத் தனியாகச் சொல்ல விரும்புகிறோம். ஜூனில் எங்கள் தெரு ஒரு பாட்டியை இழந்தது. மகன்கள் இருவரும் தனிமை முகாமில். பிளாஸ்டிக்கில் சுற்றி வந்த உடம்பை நீங்கள்தான் வாங்கிக்கொண்டீர்கள். தூரத்தில் நின்ற பேரனிடம் "பாட்டிக்கு என்ன பூ புடிக்கும்?" என்று கேட்டு, ஒரு முழம் மல்லிகை வைத்துத்தான் அனுப்பினீர்கள். அந்தக் குடும்பம் உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறது. தெருவும்தான்.

ரேஷன் கடை அக்கா, டோக்கன் போட்டு வரிசை கலையாமல் அரிசியும் பருப்பும் கொடுத்தீர்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தபோது வந்து நின்ற லைன்மேன் அண்ணன், ஒரு நாளும் தவறாத ஆவின் பால்காரர், குடிநீர் லாரி ஓட்டியவர், அம்மா உணவகத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் இட்லி கொடுத்த அம்மாக்கள், தெருமுனையில் தடுப்புக்குப் பக்கத்தில் நாள் முழுக்க நின்ற போலீஸ்காரர்கள். எல்லாருக்கும் நன்றி. யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் வந்து உரிமையோடு கேளுங்கள்.

இனி செய்ய நினைப்பது இரண்டு. சந்துக் கழிவறையும் திண்ணைத் தண்ணீரும் ஊரடங்கு முடிந்தாலும் அப்படியே இருக்கும், சாவி அண்ணாச்சியிடம்தான். அப்புறம், தூய்மைப் பணியாளர்களில் பலர் ஒப்பந்தக் கூலிகளாக இருக்கிறீர்கள், வேலை நிரந்தரமாக வேண்டும் என்று வருஷக்கணக்காகக் கேட்கிறீர்கள். அந்தக் கோரிக்கையோடு, வார்டில் உங்களுக்கு ஓய்வறையும் கழிவறையும் கட்டித்தர வேண்டும் என்பதையும் சேர்த்து மனு எழுதியிருக்கிறோம். தெருவில் கையெழுத்துப் போடத் தெரிந்த எல்லாரும் போட்டாயிற்று, மற்றவர்கள் கைநாட்டு வைத்திருக்கிறார்கள். பக்கத்துத் தெருக்காரர்கள் விரும்பினால் வந்து போடலாம்.

ஞாயிறு முழு ஊரடங்கு என்பதால் சனிக்கிழமை மதியம் சாப்பாடு எங்கள் பொறுப்பு. கூட்டம் சேரக் கூடாது, அதனால் பொட்டலமாகக் கட்டித் திண்ணையில் வைப்போம். கோழி பிரியாணியும், சைவம் சாப்பிடுகிறவர்களுக்குச் சாம்பார் சாதமும். வீட்டில் எத்தனை பேர் என்று வெள்ளிக்கிழமைக்குள் அண்ணாச்சியிடம் சொல்லிவிடுங்கள், கூச்சப்பட்டுக் குறைத்துச் சொல்லாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் ராயபுரம் தெருக்காரர்கள்
ஜூலை 2020