அவனை அழ விட்டவர்களுக்கு

அன்புள்ள டீச்சர், எங்கள் ஊருக்கு வந்த கல்லூரித் தங்கைகளே, ஆஸ்பத்திரி ஆலோசகர் அம்மா, என் அத்தை,

உங்கள் எல்லாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். ரொம்பத் தாமதமான நன்றி இது.

2018 நவம்பர் 16 விடிவதற்கு முன்பு கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது என் மகனுக்கு ஏழு வயது. ஓடு பறக்க ஆரம்பித்ததும் பக்கத்து மாடி வீட்டுக்கு ஓடினோம். விடிந்து வந்து பார்த்தால் கொல்லையில் ஒரு தென்னைகூட நிற்கவில்லை. கொட்டகை சரிந்து, அவன் பேர் வைத்து வளர்த்த கன்றுக்குட்டி செத்துக் கிடந்தது. அவன் உதடு துடித்தது. "அழாதடா, நாமளாவது உசுரோட இருக்கோமே" என்று நான்தான் சொன்னேன். அவன் அழவே இல்லை.

அப்புறம் படுக்கையை நனைக்க ஆரம்பித்தான். கூட விளையாடும் பிள்ளைகளை அடித்தான். பல நாள் கழித்துக் கரண்ட் வந்து மின்விசிறி சுற்றியபோது, ஊரே சந்தோஷப்பட்டது. அவன் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டான். பேய் பிடித்திருக்கிறது, மந்திரிக்கணும் என்றார்கள் சிலர். நானும் பாதி நம்பினேன்.

தங்கைகளே, நீங்கள் அரிசியும் போர்வையும் கொண்டுவந்தவர்கள். ஆனால் பள்ளித் திண்ணையில் பாய் விரித்துக் குளத்துக் களிமண்ணைக் கொட்டினீர்களே, அதைத்தான் நான் மறக்கவில்லை. அவன் தினமும் மரம் செய்வான். உஸ்ஸென்று ஊதி, கையால் தட்டிச் சாய்ப்பான். மறுபடி செய்வான், மறுபடி சாய்ப்பான். பார்க்கச் சகிக்காமல் நான் தடுக்கப் போனேன். "விடுங்கக்கா, அன்னைக்குக் காத்து அவனை அடிச்சுது. இன்னைக்குக் காத்து அவன் கையில இருக்கு" என்றாள் உங்களில் ஒருத்தி. ஒன்பதாம் நாள் ஒரு மரத்தைச் சாய்க்காமல் விட்டுவிட்டு, அதன் அடியில் ஒரு கன்றுக்குட்டி செய்து வைத்தான். அப்புறம் வந்தது பாருங்கள் அந்த அழுகை! அந்தத் தங்கை ஒரு வார்த்தை சமாதானம் சொல்லவில்லை. அவன் முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். அன்று அழுததோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. ஆனால் அன்றிலிருந்துதான் பேச ஆரம்பித்தான்.

டீச்சர், "ஏன் அடிச்ச?" என்று எல்லார் முன்னாலும் கேட்காமல் இரண்டு டப்பா வைத்தீர்கள். பயமாக இருந்தால் ஒன்றில், கோபமாக இருந்தால் இன்னொன்றில் ஒரு புளியங்கொட்டை. யார் போட்டது என்று கேட்கவே மாட்டீர்கள். கோபம் தப்பில்லை, அடிப்பதுதான் தப்பு என்று அவனுக்குப் புரிந்தது அந்தப் புளியங்கொட்டையில்தான்.

நாகப்பட்டினம் ஆஸ்பத்திரியில் பார்த்த அம்மா, படுக்கை நனைந்தால் திட்டாமல் துணியை மாற்றிவிடுங்கள், அது அவன் வேண்டுமென்று செய்வதில்லை என்றீர்கள். சூடான பாலை ஆற்றுவது மாதிரி மெதுவாக ஊதி மூச்சுவிட அவனுக்குப் பழக்கினீர்கள். பிறகு என்னிடம், "நீங்க அழுது அவன் பார்த்திருக்கானா?" என்று கேட்டீர்கள். நான் அடுப்படிக்குப் பின்னால் ஒளிந்து அழுதுகொண்டிருந்தவள். அன்று இரவு அவனுக்கு முன்னாலேயே அழுதேன். அவன் என் தலையைத் தடவிக் கொடுத்தான். இப்போது 14416 என்ற இலவச எண்ணைக் கூப்பிட்டால் எந்த நேரமும் தமிழிலேயே மனநல ஆலோசனை கிடைக்கிறது. யார் கேட்டாலும் அந்த எண்ணைக் கொடுக்கிறேன்.

அத்தை, "ஆம்பளப் புள்ள அழலாமா" என்று முதலில் சொன்னவர் நீங்கள். அதே நீங்கள்தான் பேரனின் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், கன்றைப் புதைத்த இடத்தில் விளக்கு ஏற்றி, அதன் பேரைச் சொல்லி அவனோடு சேர்ந்து அழுதீர்கள். அந்த வயதில் மனதை மாற்றிக்கொள்வது லேசில்லை.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழை. கஜாவுக்குப் பிறகு பிறந்த என் மகள் காற்றுச் சத்தத்துக்குப் பயந்து காதைப் பொத்தினாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான். "அழணும்னா அழு பாப்பா, அண்ணன் இருக்கேன்" என்றான். சப்பாத்திக்குப் பிசைந்து வைத்திருந்த மாவில் ஒரு உருண்டை கிள்ளி, தென்னை மரம் செய்து அவள் முன்னால் நிறுத்தினான்.

"ஊதித் தள்ளு" என்றான்.